ஒண்ணாம் கியர் விழலைன்னதும் பாக்ஸை இறக்கிடாதீங்க: பழைய இத்தாலி வண்டிக்காரங்க பண்ற தப்புங்க

பழைய ஆல்ஃபா, ஃபியட் வச்சிருக்கறவங்க கிட்ட ஒண்ணாம் கியர் விழ மாட்டேங்குது, இல்ல கர்ர்னு சத்தம் போட்டுட்டு விழுதுன்னு சொன்னா உடனே வர்ற பதில் "சின்க்ரோ போச்சு". சின்க்ரோன்னா கியர் விழறதுக்கு முன்னாடி சுத்தற பாகங்களோட வேகத்தை உரசி சமமாக்கற ரிங் அமைப்பு. சொன்ன கையோட கியர் பாக்ஸை இறக்கிடறாங்க. பிரச்சனை பாக்ஸுக்கு வெளியவே இருந்திருக்கும், அதை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க, காசு போனது போனதுதான்.

முதல் தப்பு, அந்த வண்டியில ஒண்ணாம் கியருக்கு சின்க்ரோ இருக்கான்னே தெரியாம அதை ரிப்பேர் பண்ணப் பார்க்கறது. எங்க அப்பா திருச்சியில ஃபியட் 1100 வச்சிருந்தார், பாம்பேல பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பண்ணி பின்னாடி பத்மினின்னு பேர் வச்சாங்களே அந்த வண்டி. ஸ்டியரிங்கு பக்கத்துல ஹேண்ட் கியர், ரெண்டு மூணு நாலுக்கு சின்க்ரோ உண்டு, ஒண்ணுக்குக் கிடையாது. "வண்டி முழுசா நின்னப்பறம் ஒண்ணைப் போடுறா"ன்னு அப்பா கத்தினது இன்னும் காதுல இருக்கு. அது சும்மா கண்டிப்பு இல்ல, உருண்டுட்டு இருக்கும்போது போட்டா பல்லோட பல்லு நேரா மோதும், நடுவுல சமாதானம் பண்ண ஒண்ணுமே இல்ல. 1957-ல இருந்து 1975 வரைக்கும் வந்த குட்டி ஃபியட் 500-ல இன்னும் மோசம், எந்த கியருக்குமே சின்க்ரோ கிடையாது, எல்லாத்துக்கும் டபுள் கிளட்ச்தான், அதாவது நியூட்ரல்ல ஒரு தடவை கிளட்ச்சை விட்டு மறுபடி மிதிச்சுப் போடணும். அதனால நிறைய பேர் ஃபியட் 126-ஓட பாக்ஸைத் தூக்கி 500-ல மாட்டிடறாங்க, நல்ல வேலைதான், ஆனா மாட்டிட்டு "ஒண்ணு மட்டும் இன்னும் கடிக்குது, பழைய பாக்ஸ் தலையில கட்டிட்டான்"னு சண்டைக்குப் போறாங்க. 126-லயும் ஒண்ணுக்கு சின்க்ரோ கிடையாதுங்க, ரெண்டுல இருந்துதான். நம்ம ஊர் பிரீமியர் 118என்இ வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, அது ஃபியட் 124 பாடிதான் ஆனா இஞ்சினும் கியர் பாக்ஸும் நிஸான் வழி வந்தது, ஃபியட் 124 சின்க்ரோ ரிங் வாங்கி வச்சுட்டு முழிக்காதீங்க.

சரி, ஒண்ணுக்கும் சின்க்ரோ இருக்கற வண்டிக்கு வருவோம். 1962-ல வந்த ஆல்ஃபா ரோமியோ ஜூலியாவும் அதுக்கப்புறம் அதே 105 வரிசையில வந்த ஜிடி, ஸ்பைடர் எல்லாமும் அஞ்சு கியர், அஞ்சுக்கும் போர்ஷே டைப் சின்க்ரோ. இதை மத்த வண்டியில இருக்கற பித்தளை கோன் சின்க்ரோ மாதிரி நினைச்சுக்கறதுதான் பெரிய தப்பு, வேலை செய்யற விதமே வேற. இதுல ஒரு இடத்துல வெட்டு விட்ட ஸ்டீல் ரிங் இருக்கும், மேல மாலிப்டினம் பூச்சு, ரிங்குக்கு உள்ள சின்னதா பிரேக் பட்டை. ஸ்லீவ் (லீவரோட நகர்ந்து கியரைப் பூட்டற வளையம்) வந்து ரிங்கை உரசினதும் ரிங் கொஞ்சம் திரும்பி பட்டையைத் தள்ளும், பட்டை ரிங்கை விரிக்கும், விரிஞ்ச ரிங் ஸ்லீவை "நில்லு"ன்னு தடுத்துடும். ரெண்டு பக்கமும் வேகம் சமமானதும் அந்த அழுத்தம் போயிடும், ரிங் சுருங்கும், ஸ்லீவ் வழுக்கிட்டு உள்ள போகும்.

இதை நல்லா மனசுல வாங்கிக்கோங்க, ஏன்னா மேட்டரே இங்கதான் இருக்கு. சிக்னல்ல நிக்கறீங்க, கிளட்ச் மிதிச்சிருக்கீங்க, ஆனா கிளட்ச் முழுசா விடலை, பிளேட் லேசா ஒட்டிட்டு இஞ்சினோட சேர்ந்து சுத்துதுன்னு வைங்க. வேகம் சமமே ஆகாது, ரிங் சுருங்கவே சுருங்காது, லீவர் கல்லு மாதிரி நிக்கும். கோன் டைப்பா இருந்தா தேஞ்சு போய் கர்ர்னு கத்திட்டாவது விழும், இது விழாது. அதாவது நின்ன வண்டியில ஒண்ணு விழாம தடுக்குதுன்னா அந்த ரிங் தன் வேலையை ஒழுங்கா பண்ணுதுன்னு அர்த்தம், அதைப் போய் கழட்டி எறியறோம்!

இங்க இத்தாலியில மொடேனா பக்கம் வேலைக்கு வந்த புதுசுல ஒரு நண்பரோட ஆல்ஃபா 1750 ஜிடிவி இப்படித்தான். பாக்ஸை இறக்கி, ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் புது ரிங் போட்டு, ஏத்தி முடிச்சு நாலாவது நாள் திரும்ப அதே சிக்னல்ல அதே கதை. அப்புறம்தான் நான் வண்டிக்கு அடியில படுத்துட்டு அவரை கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி ஸ்லேவ் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஹோஸ் வழியா வாங்கி கிளட்ச்சைத் தள்றது) ராடைப் பார்த்தேன். முழுசா மிதிச்சும் அது ஒரு நகக்கண் அளவுதான் நகருது. பக்கத்துல இருந்த ரப்பர் ஹோஸை ரெண்டு விரல்ல பிடிச்சுட்டு இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னா, கையிலயே தெரியுது, தவளைத் தொண்டை மாதிரி உப்பி உப்பி இறங்குது. வெளியில பார்த்தா ஒரு வெடிப்பு கிடையாது. மிதிக்கிற அழுத்தமெல்லாம் ஹோஸை உப்ப வைக்கவே போயிடுது, ராடுக்கு மிச்சம் இல்ல. ஹோஸை மாத்தி ஏர் எடுத்தோம், ஒண்ணு விரல் நுனியில விழுந்துச்சு. கழட்டி வச்ச பழைய ரிங்குங்களை அப்புறம் அளந்து பார்த்தா ஒண்ணாம் கியர் ரிங்ல தேய்மானமே இல்ல.

அதனால பாக்ஸ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. இஞ்சின் சூடானதும் ஐடிலிங்ல விட்டு நியூட்ரல்ல கிளட்ச்சை மிதிச்சுட்டு பத்து எண்ணுங்க, எண்ணி முடிச்சு மெதுவா ரிவர்ஸ் போடுங்க. ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது, பொய் சொல்லாது. பத்து எண்ணியும் கர்ர்னா கிளட்ச் விடலை. அடுத்து இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஒண்ணு போட்டுப் பாருங்க. ஆஃப்ல வெண்ணெய் மாதிரி விழுது, ஆன்ல விழலைன்னா அதுவும் கிளட்ச்தான்: ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ், பெடல் ஃப்ரீ பிளே, இல்லன்னா கிராங்க் பின்னாடி இருக்கற பைலட் புஷ் ஒட்டிக்கிட்டு ஷாஃப்டையும் கூடவே சுத்த வைக்கும். ஆஃப்லயும் இறுக்கமா இருந்தா ஃபோர்க் (ஸ்லீவைத் தள்ற கவை), லிங்கேஜ் பக்கம் பாருங்க. கிளட்ச் சுத்தமா இருந்து, வண்டி உருளும்போது மட்டும் ஒண்ணு கடிச்சா, அப்ப சின்க்ரோ மேல சந்தேகப்படலாம்.

ஆயில்ல பண்ற தப்பு இதுக்குக் கொஞ்சமும் குறைஞ்சது இல்ல. சின்க்ரோ உரசித்தான் வேலை செய்யுது, வழுக்கினா அது சின்க்ரோவே இல்ல. பின்னாடி டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5 தர கியர் ஆயில் வாங்கிட்டு வந்து மிச்சத்தை பாக்ஸ்லயும் ஊத்திடறது எல்லா ஊர்லயும் நடக்குது. டிஃபரென்ஷியல்ல ஹைப்பாய்ட் பல்லுங்க, ஒண்ணு மேல ஒண்ணு சறுக்கி உரசற டைப், அதுக்கு அந்த ஆயில் வேணும், பாக்ஸுக்கு வேண்டாம், ரிங் பிடிக்காம வழுக்கும், அதுல இருக்கற கந்தகச் சமாச்சாரம் பித்தளை வெண்கல புஷ்ஷுங்களையும் அரிக்கும். ஜிஎல்-4, 90 நம்பர் ஆயில் போடுங்க. கியர் ஸ்மூத்தா விழும்னு ஒரு டப்பா உராய்வு குறைக்கிற அடிட்டிவ் வேற ஊத்தறாங்க, தயவு செஞ்சு வேண்டாம்.

பழைய ஆயிலை இறக்கும்போது அப்படியே கொட்டிடாதீங்க, வெள்ளைத் தட்டுல பிடிச்சு வெயில்ல சாய்ச்சுப் பாருங்க, ஒரு காந்தத்தை அதுல ஓட்டுங்க. காந்தத்துல மை மாதிரி கறுப்பா ஒட்டினா அது சாதாரணத் தேய்மானம். மூலை இருக்கற துண்டு, கையில நெருடுதுன்னா பல்லு உடைஞ்சிருக்கு, அப்ப இறக்கித்தான் ஆகணும். காந்தத்துல ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு வந்தா இந்த டைப் பாக்ஸ்ல அது சின்க்ரோ ரிங்ல இருந்து வந்தது இல்ல, ரிங் ஸ்டீல், புஷ் பக்கம் தேடுங்க.

இறக்கியே ஆகணும்னு ஆகிடுச்சா, ரிங்கை மட்டும் மாத்தி மூடிடாதீங்க. ஸ்லீவ் உள்பக்கம் ரிங்கை உரசுற இடம் தேஞ்சு பளபளன்னு படி விழுந்திருந்தா புது ரிங்கை ஒரே சீசன்ல தின்னுடும். ஸ்லீவ், ரிங், பட்டை, தடுப்புக் கட்டை எல்லாத்தையும் ஒரே செட்டா பாருங்க, பழைய சர்க்கிளிப்பைத் திரும்பப் போடாதீங்க, ரிங்கோட வெளி விட்டத்தை கியர்ல மாட்டின நிலையில வெர்னியர்ல அளந்து மேனுவலோட ஒத்துப் பாருங்க. கழட்டும்போதே ஸ்லீவ் எந்தப் பக்கம் முன்னாடி இருந்துச்சுன்னு மார்க் பண்ணிடுங்க, திருப்பி மாட்டினா தேஞ்ச பக்கம் வேற கியருக்குப் போயிடும். ஃபோர்க்கை மாட்டும்போது நியூட்ரல்ல ஸ்லீவ் ரெண்டு கியருக்கும் நட்ட நடுவுல நிக்குதான்னு கண்ணால பார்த்துட்டு போல்ட்டை இறுக்குங்க, கொஞ்சம் ஒரு பக்கம் சாஞ்சு இருந்தாலும் ஒரு கியர் முழுசா ஏறாம துள்ளும், இன்னொரு ரிங் எந்நேரமும் உரசிட்டே கிடக்கும்.

ஓட்டறதுல ஒண்ணே ஒண்ணு. ஜூலியா பாக்ஸ்ல கியர் விகிதம் ஒண்ணுக்கு 3.30, ரெண்டுக்கு 1.99. ரெண்டுல 4000 ஆர்பிஎம்ல போயிட்டு இருக்கும்போது ஒண்ணுக்கு இறக்கினா உள்ள இருக்கற ஷாஃப்டும் கிளட்ச் பிளேட்டும் 6600 வரைக்கும் ஏறணும், அதை அந்தச் சின்ன ரிங் தனியா இழுத்துட்டுப் போகணும். சின்க்ரோ இருக்குங்கறதுக்காக அதை அப்படி வேலை வாங்காதீங்க, உருளும்போது ஒண்ணு வேணும்னா நியூட்ரல்ல கிளட்ச்சை விட்டு ஒரு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துட்டுப் போடுங்க.

அந்த ஜிடிவி இப்பவும் ஓடுது. நண்பர் சிக்னல்ல நின்னா முதல்ல ரெண்டுல லேசா வச்சுட்டு ஷாஃப்டை நிறுத்திட்டுத்தான் ஒண்ணுக்குப் போறார், ஹோஸை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கேக்காமலே மாத்திடறார். கழட்டின அந்தப் பழைய ஒண்ணாம் கியர் ரிங்கை எண்ணெய்த் துணியில சுத்தி டூல் பாக்ஸ்ல வச்சிருக்கோம், ஸ்பேருக்கு.