கம்பம் நடுவதற்கு முன்னால் பிரவுசரில் சிக்னலை ஓட்டிப் பாருங்கள்

மார்கழி, தை மாதங்களில் உறைபனி பட்டுத் தேயிலை கருகுவதை நீலகிரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி எவ்வளவு குளிர் இறங்குகிறது என்று பார்க்க ஒரு லோரா சென்சார் வைக்கலாம், குறைந்த சக்தியில் ரேடியோ வழியாகத் தொலைவுக்குத் தகவல் அனுப்பும் கருவி அது. ஆனால் குளிர்காற்று போய்த் தேங்குவது பள்ளத்தில், சென்சாரையும் அங்கேதான் வைக்க வேண்டும், சிக்னல் போகாத இடமும் அதேதான். அதனால் இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்குவதற்கு முன்னால் ஒரு சிமுலேஷன் ஓட்டிவிடுங்கள்.

அதற்கு மெஷ்டாஸ்டிக் சைட் பிளானர் என்ற இணையதளம் இருக்கிறது, சிக்னல் எங்கெங்கே எட்டும் என்று படம் போட்டுக் காட்டும். இலவசம், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். முதலில் கேட்வே, அதாவது சென்சாரின் சிக்னலை வாங்கும் பெட்டி, வைக்கப்போகும் இடம், பெரும்பாலும் ஹட்டியில் (ஊரில்) உங்கள் வீட்டு மாடி. கூகுள் மேப்பில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் வரும் எண்களை அப்படியே முழுசாக ஒட்டுங்கள். நான் முதல் தடவை புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் மட்டும் போட்டேன், அது ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிவிடும், என் கேட்வே அடுத்த மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. அலைவரிசைக்கு 866 மெகாஹெர்ட்ஸ் போடுங்கள், இந்தியாவில் 865 முதல் 868 வரை லைசென்ஸ் வேண்டாம். அப்புறம் ஆன்டெனா உயரம். இது தரையிலிருந்து எத்தனை மீட்டர் என்பது, கடல் மட்டத்திலிருந்து அல்ல. 2000 என்று அடித்துவிட்டால் மலை முழுக்கச் சிக்னல் நிறைந்த மாதிரி படம் வரும்.

இனிதான் முக்கியமான விஷயம். இந்த மாதிரித் தளங்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் நில உயரக் கணக்கு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்தது. அதற்குப் பிறகு வளர்ந்த சில்வர் ஓக்கும் கற்பூர மரமும் அதில் கிடையாது. அதனால் கிளட்டர் ஹைட் (தரைக்கு மேல் மரம், கட்டடம் நிற்கும் உயரம்) என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். முதலில் 0 வைத்து ஓட்டுங்கள், பிறகு 10, பிறகு 15 மீட்டர். மூன்று படத்திலும் சிக்னல் நன்றாக இருப்பதாகக் காட்டும் இடத்தை மட்டும் நம்புங்கள். நேராகக் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்பதும் தப்பு. இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவழியில் அந்தப் பார்வைக் கோட்டைச் சுற்றி எட்டு மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். மிஸ்டைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்த அலைவரிசைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஈர இலைதான் சிக்னலைத் தின்னும்.

படம் வந்ததும் சென்சாரைக் கையில் எடுத்துக்கொண்டு ஐந்தாறு இடத்தில் நின்று உண்மையான டிபிஎம் (சிக்னல் வலிமை) அளவைக் குறித்து வாருங்கள். தளம் −105 என்று சொன்ன இடத்தில் உங்களுக்கு −115 வந்தால், பத்தில் ஒரு பங்கு சக்திதான் வந்து சேர்கிறது. கிளட்டர் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இரண்டும் நெருங்கும் வரை திரும்ப ஓட்டுங்கள். அப்படிக் கிடைக்கும் எண் உங்கள் தோட்டத்துக்கே உரியது, அடுத்த சென்சாருக்கும் அதையே போடலாம்.

ஒன்றிரண்டு சென்சாருக்கு இதுவே போதும். ஐம்பது, நூறு என்று வைத்தால் ஒன்றோடொன்று மோதித் தகவல் தொலையும், அந்தக் கணக்குக்கு என்எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேஷன் மென்பொருள் வேண்டும். லேப்டாப் மெதுவானது என்றால் அதையும் கூகுள் கோலாபில், அதாவது பிரவுசர் வழியாகக் கூகுளின் கணினியில், ஓட்டலாம், ஆனால் சும்மா விட்டால் இணைப்பு அறுந்து ஃபைல் எல்லாம் போய்விடும், முடிவுகளைக் கூகுள் டிரைவில் எழுதச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

கோடையில் அளந்திருந்தால், ஆடி மழையில் இலை சொட்டும்போது இன்னொரு தடவை அதே இடங்களில் அளந்துவிட்டுக் கம்பத்தை நடுங்கள்.