கூடைப்பந்து அணியையும் அதன் எதிரணிகளையும் மதிப்பிடுவது எப்படி: பாஸ்டன் செல்டிக்ஸை முன்வைத்து

2024-25 பருவத்தின் வழக்கமான சுற்றில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி நியூயார்க் நிக்ஸுடன் நான்கு முறை மோதி, நான்கிலும் வென்றது. அதே பருவத்தின் பிளேஆஃப் (வழக்கமான சுற்றுக்குப் பின் பட்டத்துக்காக நடக்கும் தொடர்கள்) இரண்டாம் சுற்றில், 2025 மே மாதம், அதே நிக்ஸிடம் 4-2 என்ற கணக்கில் தோற்று வெளியேறியது. இரு பக்கமும் ஏறக்குறைய அதே வீரர்கள்தான் ஆடினார்கள். ஒரு வீரர் பட்டியல் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது, எந்த எதிரணிக்கு முன்னால் என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும் என்பதற்கு அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் இதைவிடத் தெளிவான சான்றை நான் அண்மையில் கண்டதில்லை. ரசிகராக ஒரு கருத்தை உருவாக்கும் ஒவ்வொரு படியையும் இந்த ஒரு தொடரை வைத்தே விளக்கலாம்.

முதலில், பட்டியல் முழுவதையும் ஒரே எடையில் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஓர் அணி 15 வீரர்களை முழு ஒப்பந்தத்திலும், மூவரை இருவழி (கீழ்நிலை லீக்கிலும் ஆடவைக்கும்) ஒப்பந்தத்திலும் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் பிளேஆஃப் வந்தால் பெரும்பாலான பயிற்சியாளர்கள் எட்டு அல்லது ஒன்பது பேரைத்தான் நம்புகிறார்கள். எனவே, கடைசி ஐந்து நிமிடங்களில் ஆட்டம் நெருக்கமாக இருந்தால் களத்தில் நிற்கப்போகும் ஐவர் யார் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 2023-24 பருவத்தில் 64 ஆட்டங்களை வென்று, இறுதித் தொடரில் டாலஸ் மாவெரிக்ஸை 4-1 என்று வீழ்த்தித் தங்களது 18ஆவது பட்டத்தை எடுத்த செல்டிக்ஸில், ஜேசன் டேட்டம், ஜேலன் பிரவுன், டெரிக் வைட், ஜ்ரூ ஹாலிடே ஆகியோருடன் ஐந்தாவதாகக் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் அல்லது அல் ஹோர்ஃபோர்ட் நின்றார்கள். இந்த ஐவரில் எல்லோருமே தொலைவிலிருந்து பந்தை வளையத்தில் போடக்கூடியவர்கள். தடுப்பாட்டத்தில் எதிரணி குறிவைத்துத் தாக்கக்கூடிய பலவீனமான ஆள் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. அந்த அணியின் பலம் நட்சத்திரங்களின் எண்ணிக்கையில் இருந்ததைவிட, இந்த ஓட்டையில்லாத தன்மையில்தான் அதிகம் இருந்தது என்பது என் துணிபு.

அடுத்தது, எதிரணியை வாசிப்பது. இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், பெரும்பாலான ரசிகர்கள் இதைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள். புள்ளிவிவரப் பட்டியலைத் திறப்பதற்கு முன், ஆட்டத்தின் பத்துப் பன்னிரண்டு தாக்குதல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பந்து வைத்திருப்பவரைப் பார்க்காமல், ஸ்கிரீன் போட (பந்துக்காரரைத் துரத்தும் தடுப்பாளரின் வழியை உடலால் மறிக்க) வருகிற பெரிய வீரரைக் காக்கும் தடுப்பாளரை மட்டும் கவனியுங்கள். அவர் பின்வாங்கி வளையத்தருகே நிற்கிறாரா, வெளியே ஏறி வந்து பந்துக்காரரை மறிக்கிறாரா, அல்லது தன் ஆளை விட்டுவிட்டுப் பந்துக்காரரையே எடுத்துக்கொண்டு ஸ்விட்ச் செய்கிறாரா என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் குறித்துவாருங்கள்.

2024 அக்டோபர் 22 அன்று நடந்த பருவத்தின் தொடக்க ஆட்டத்தை இப்படிப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மீண்டும் மீண்டும் தெரிந்திருக்கும். நிக்ஸின் சென்டர் (பெரிய வீரர்) கார்ல்-ஆன்டனி டவுன்ஸ் பின்வாங்கி நிற்க, ஸ்கிரீனைச் சுற்றி வந்த பாஸ்டன் வீரருக்கு முன்னால் வெற்றிடம் கிடைத்தது. அந்த இடத்திலிருந்து வீசியும், அதனால் குலைந்துபோன தடுப்பாட்டத்தில் மூலையில் நின்றவருக்குப் பந்தைக் கடத்தியும் செல்டிக்ஸ் 29 மூன்று புள்ளி வீச்சுகளைப் போட்டு, ஓர் ஆட்டத்துக்கான என்பிஏ சாதனையைச் சமன் செய்து, 132-109 என்று வென்றது. அந்த இரவை மட்டும் வைத்துக் கருத்துச் சொன்னவர், நிக்ஸ் பாஸ்டனுக்கு ஒரு பொருட்டே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

மே மாதத்தில் நிக்ஸ் வேறு விதமாக ஆடியது. ஸ்கிரீன் வந்தபோதெல்லாம் பெரும்பாலும் ஆளை மாற்றிக்கொண்டார்கள். அதனால் பாஸ்டன் வீரருக்கு முன்னால் எப்போதும் ஒரு தடுப்பாளர் இருந்தார். அவர் உயரம் குறைந்தவராகவோ வேகம் குறைந்தவராகவோ இருந்ததால், தனியாக மோதி ஜெயித்துவிடலாம் என்ற ஆசையில் செல்டிக்ஸ் வீரர்கள் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கழித்து, கடைசியில் கடினமான வீச்சுக்குப் போனார்கள். சொந்த ஊரில் நடந்த முதல் ஆட்டத்தில் 60 மூன்று புள்ளி முயற்சிகளில் 45 தவறின. பிளேஆஃப் வரலாற்றில் அதுவரை எந்த அணியும் ஓர் ஆட்டத்தில் அத்தனை தவறவிட்டதில்லை. இரண்டாம் ஆட்டத்தில் 40 முயற்சிகளில் 10 மட்டுமே விழுந்தன. இரண்டிலும் 20 புள்ளி முன்னிலை கைநழுவியது. இரண்டின் கடைசி நொடிகளிலும் நிக்ஸின் மிக்கல் பிரிட்ஜஸ் பந்தைப் பறித்து ஆட்டத்தை முடித்துவைத்தார்.

வீச்சு விழாதது வெறும் துரதிர்ஷ்டம் என்று பலர் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு, ஏனெனில் நன்றாகக் கிடைத்த வீச்சுகளும் தவறின. ஆனால் தவறிய வீச்சுகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: ஒரு முறையாவது கைமாறி, இடம் கிடைத்து வீசப்பட்டவை ஒரு பக்கம், தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு வீசப்பட்டவை மறுபக்கம். முதல் வகையை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதலாம். இரண்டாம் வகை எதிரணியின் திட்டத்துக்குக் கிடைத்த விளைவு, அதை அந்தக் கணக்கில் எழுதுவது நிக்ஸுக்குச் செய்யும் அநீதி.

நமக்கு இந்த ஆட்டங்கள் விடிகாலையில் நடப்பதால், முழு ஆட்டத்தையும் பார்க்க இயலாதவர்கள் நான்காம் பகுதியை மட்டும் முழுமையாகப் பார்ப்பது, சிறந்த காட்சிகளின் தொகுப்பைப் பார்ப்பதைவிட மேல். தொகுப்பில் விழுந்த வீச்சுகள் மட்டுமே இருக்கும்.

இனி சம்பளக் கணக்கு. ஓர் அணி ஏன் நல்ல வீரரை விட்டுவிட்டது என்று கோபப்படுவதற்கு முன் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2023இல் லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே வந்த கூட்டு ஒப்பந்தம் ‘இரண்டாம் ஏப்ரன்’ என்ற மொத்தச் சம்பள வரம்பை ஏற்படுத்தியது. 2025-26 பருவத்தில் அது ஏறத்தாழ 20.78 கோடி டாலர். அதைத் தாண்டிய அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை டிரேடில் (அணிகளுக்கிடையே வீரர்களை மாற்றிக்கொள்வதில்) வாங்க முடியாது. ஏழு ஆண்டுகளுக்குப் பிந்தைய முதல் சுற்று டிராஃப்ட் (புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) உரிமையும் வேறு அணிக்குக் கொடுக்க முடியாமல் முடங்கிப்போகும். பல ஆண்டுகள் தொடர்ந்து அதிகச் சம்பளம் கொடுத்தால் அதற்கான வரியும் ஏறும். பிரவுன் 2023இலும் டேட்டம் 2024இலும் ஆளுக்கு ஏறத்தாழ 30 கோடி டாலர் மதிப்புள்ள ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டபோதே, மற்றவர்களில் சிலரை விட வேண்டிவரும் என்பது உறுதியாகிவிட்டது. 2025 கோடையில் ஹாலிடேயைப் போர்ட்லாந்துக்கு அனுப்பி ஆன்ஃபர்னி சைமன்ஸை வாங்கியதும், போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கு அனுப்பியதும், ஹோர்ஃபோர்டும் லூக் கோர்னெட்டும் வேறு அணிகளுக்குப் போனதும் இதன் தொடர்ச்சியே. ஹாலிடேயையும் சைமன்ஸையும் ஆட்டத் திறனில் ஒப்பிட்டு, பாஸ்டன் ஏமாந்துவிட்டது என்பது பாதிக் கணக்கு. ஹாலிடேயின் ஒப்பந்தம் 2028 வரை நீளக்கூடியது. சைமன்ஸுடையது 2026இல் முடிவது. பாஸ்டன் அந்த டிரேடில் வாங்கியது, அந்தச் சம்பளச் சுமை இல்லாத ஆண்டுகளை.

காயத்தைத் தனியே பிரித்து எழுதுங்கள். மே 12 அன்று மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த நான்காம் ஆட்டத்தில் 42 புள்ளிகள் எடுத்திருந்த டேட்டம், கடைசி நிமிடங்களில் குதிகால் தசைநார் அறுந்து வெளியேறினார். அந்த ஆட்டத்தோடு நிக்ஸ் 3-1 என்று முன்னேறியது. தொடரைத் தோற்றதற்கு இந்தக் காயமே காரணம் என்றால், முதல் இரண்டு ஆட்டங்கள் அவர் களத்தில் ஆடியபோதே போனவை என்ற உண்மை மறைந்துவிடுகிறது. காயத்துக்கு இதில் பங்கே இல்லை என்பதும் தவறு: அவர் இல்லாமல் ஐந்தாம் ஆட்டத்தை 127-102 என்று வென்ற அணி, ஆறாம் ஆட்டத்தில் 119-81 என்று நொறுங்கியது. போர்சிங்கிஸும் நோயிலிருந்து தேறாத நிலையில்தான் அந்தத் தொடரை ஆடினார் என்பதையும் நிக்ஸை மதிப்பிடும்போது மறக்கக் கூடாது.

எதிரணி என்றதும் லேக்கர்ஸை நினைப்பது செல்டிக்ஸ் ரசிகர்களுக்கு இயல்பு. இறுதித் தொடரில் 12 முறை சந்தித்து, 9 முறை பாஸ்டன் வென்ற வரலாறு அது. அந்தப் பகையை நானும் மனதார ரசிக்கிறேன். ஆனால் லேக்கர்ஸ் மேற்கு மாநாட்டில் (என்பிஏ அணிகளின் இரு பெரும் குழுக்களில் ஒன்று; பாஸ்டன் கிழக்கில்) இருப்பதால் வழக்கமான சுற்றில் ஆண்டுக்கு இரண்டே ஆட்டங்கள்தான். நிக்ஸும் பிலடெல்பியாவும் பாஸ்டனின் அதே அட்லாண்டிக் பிரிவில் இருந்து, ஆண்டுக்கு நான்கு முறை வந்து, பிளேஆஃபிலும் வழியில் நிற்பவை. பட்டியலை எவருக்கு எதிராக அளக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது பழைய பெருமையைவிட இந்த அட்டவணைதான் உதவும்.

இவ்வளவும் பார்த்தபின் கருத்தை எழுதும்போது, அது பொய்த்துப்போகும் வழியையும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள். ‘செல்டிக்ஸ் பலமான அணி’ என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. ‘நிக்ஸ் ஸ்விட்ச் செய்தாலும் செல்டிக்ஸ் பந்தைக் கடத்தியே வீச்சுகளை உருவாக்கும், ஆகவே ஆறு ஆட்டங்களில் வெல்லும், முதல் இரண்டு ஆட்டங்களில் தனியாள் தாக்குதல்கள் பாதியைத் தாண்டினால் என் கணிப்பு தவறு’ என்பதைச் சரிபார்க்கலாம். தொடர் தொடங்கும் முன்பே தேதியிட்டு எழுதி, இரண்டாம் ஆட்டம் முடிந்ததும் எடுத்துப் படித்து, மாற்ற வேண்டியதை அதன் கீழேயே எழுதுங்கள். முதலில் எழுதியதை அழிக்காதீர்கள்.