கொழும்புக் காற்றில் கமராவைக் காப்பாற்றுவது எப்படி

எந்தக் கமரா வாங்கலாம் என்று என்னிடம் கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வாங்கி எங்கே வைக்கப் போகிறீர்கள்? அநேகமானவர்களின் பதில் "அலுமாரியில்". உடுப்பு அலுமாரிக்குள், கமராவோடு வந்த பையிலேயே, சிப்பை இறுக்கி மூடி. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ கடற்பக்க வீடு என்றால், லென்ஸுக்குள் பங்கஸ் (பூஞ்சணம்) வளர இதைவிட வசதியான இடம் கிடையாது. இருட்டு, அசையாத காற்று, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்பொஞ்ச், விரல் பட்டு ஒட்டிய எண்ணெய். அதற்கு வேண்டியது எல்லாம் அங்கேயே இருக்கிறது.

நான் கலியாண வீடுகளில் படம் எடுப்பவள். மரைன் டிரைவுக்கு அருகே மாடி வீட்டில் இருக்கிறேன். கதவுப் பிணைச்சல்கூடத் துருப்பிடிக்கும் வீடு. அதனால் புது லென்ஸ் பற்றிக் கதைப்பதைவிட இருக்கிற லென்ஸை எப்படி வைத்திருப்பது என்று கதைக்கத்தான் எனக்கு விருப்பம்.

பங்கஸின் வித்துகள் எல்லாக் காற்றிலும் உண்டு, யாழ்ப்பாணத்துக் காற்றிலும் நுவரெலியாக் காற்றிலும். அவை முளைப்பதற்குத்தான் ஈரம் வேண்டும். ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல் சில நாட்கள் விடாமல் நின்றால் முளைக்கத் தொடங்கும். 60க்குக் கீழே பயம் குறைவு. 40க்கும் 50க்கும் இடையில் வைத்திருந்தால் நிம்மதி. கொழும்பில் திறந்த யன்னலருகே பகலில் 70, 80 என்று காட்டும், இரவில் இன்னும் ஏறும். இங்கே காற்றைச் சும்மா விட்டால் அது பங்கஸின் பக்கம்தான் நிற்கும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஈரப்பதன் அளவி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, சின்ன பட்டன் பற்றரியில் ஓடும் டிஜிட்டல் சாமான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடினால் கிடைக்கும், ஒன்லைனிலும் கிடைக்கும். புளூடூத்தில் போனுக்குக் கணக்கு அனுப்புகிற வகையும் இப்போது வந்திருக்கிறது. பெட்டியைத் திறக்காமலே உள்ளே எவ்வளவு என்று பார்க்கலாம், நேற்று இரவு எவ்வளவு ஏறியது என்று கோட்டுப் படமாகவும் பார்க்கலாம். புதுச் சாமான்களில் எனக்கு உண்மையாகவே பிடித்த ஒன்று அது. பெட்டியைத் திறந்து பார்ப்பதே உள்ளே ஈரம் போகும் வழி என்பதால் அதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் மலிவு அளவிகள் ஐந்து புள்ளி முன்பின்னாகக் காட்டும். சரி பார்ப்பதற்குக் குசினி உப்பு போதும். போத்தல் மூடி ஒன்றில் உப்பை நிரப்பி, ஈரமண் பதம் வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது, நனைந்தால் போதும். அந்த மூடியையும் அளவியையும் ஒரு சிப் பைக்குள் வைத்து, உப்பு அளவியில் படாமல், காற்றுப் புகாமல் மூடி, ஓர் இரவு விடுங்கள். நனைந்த உப்புக்கு மேலே அடைபட்ட காற்று, நம்முடைய அறை வெப்பநிலையில், 75 வீதத்தில் வந்து நிற்கும். காலையில் உங்கள் அளவி 71 காட்டினால் அது நான்கு குறைத்துச் சொல்கிறது. அதை மறக்காமல் அளவியின் முதுகில் பேனையால் எழுதிவிடுங்கள்.

அடுத்தது பெட்டி. மூடியின் உள்விளிம்பில் றப்பர் வளையம் உள்ள, நான்கு பக்கமும் கொளுக்கி போட்டு இறுக்கும் சாப்பாட்டுப் பெட்டி போதும், பெரியதாகப் பாருங்கள். கடையிலேயே மூடி ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள். "புஸ்" என்று காற்று வெளியே வந்தால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கமராப் பை, தோல் உறை எதையும் பெட்டிக்குள் போடக் கூடாது. தோலும் துணியும் ஈரத்தைச் சேமித்து வைத்து மெல்ல மெல்ல விடும்.

உள்ளே சிலிக்கா ஜெல். சப்பாத்துப் பெட்டியோடு வரும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று பலர் சொல்வார்கள். அவை நம் கைக்கு வரும்போதே வயிறு நிரம்பித்தான் வந்திருக்கும். நிறம் மாறும் மணிகளைக் கிலோக் கணக்கில் வாங்குங்கள். இருபது லீற்றர் பெட்டிக்குக் கால் கிலோ போட்டுத் தொடங்கலாம், மிச்சத்தை அளவி சொல்லும். நீலம் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், செம்மஞ்சள் பச்சையாகும். செம்மஞ்சளை எடுங்கள். நீலத்துக்கு நிறம் தருவது கோபால்ட் குளோரைட், நச்சுப் பொருள், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறியதும் எறிய வேண்டியதில்லை. அவன் அடுப்பில் 110, 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் குடித்த தண்ணீரைக் கக்கிவிடும். அவன் அடுப்பு இல்லாதவர்கள் பழைய தாச்சியில் மிக மெல்லிய நெருப்பில் கிளறிக் கிளறி வறுக்கலாம். அந்தத் தாச்சி பிறகு சமையலுக்குத் திரும்பக் கூடாது. வறுத்ததை மூடிய போத்தலுக்குள் ஆறவிட்டுத்தான் பெட்டிக்குள் போட வேண்டும். தட்டில் பரப்பி ஆறவிட்டால், ஆறுவதற்குள் கொழும்புக் காற்றை மறுபடி குடித்துவிடும்.

அரிசி வேண்டாம். அது ஈரம் எடுப்பது சொற்பம், விடுவதோ மாத்தூள். அலுமாரிக்குள் வைக்கிற, தண்ணீர் சேரும் பிளாஸ்டிக் டப்பாவும் கமராவுக்குப் பக்கத்தில் வேண்டாம். அதில் சேர்வது வெறும் தண்ணீர் அல்ல, கல்சியம் குளோரைட் கரைசல். கவிழ்ந்தால் உலோகத்தைத் தின்றுவிடும்.

அளவி 30க்குக் கீழே போனால் மணிகளில் பாதியை எடுத்துவிடுங்கள். மிதமிஞ்சிய வறட்சியும் றப்பருக்கும் லென்ஸுக்குள் உள்ள கிரீஸுக்கும் நல்லதல்ல.

மின்சார உலர் அலுமாரி வாங்கலாமா என்று கேட்பீர்கள். நாலைந்து லென்ஸ் வந்தபின் வாங்குங்கள். அதில் இரண்டு வகை. ஒன்று பெல்டியர் தகடு வைத்தது: ஒரு பக்கம் குளிரும், அதில் ஈரம் பனியாகப் படிந்து வெளியேறும். மற்றது உலர்த்தி மணிகளை உள்ளே வைத்துத் தானே சூடாக்கி, ஈரத்தை வெளியே தள்ளுவது. இரண்டுமே மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது எல்லோரும் அலுமாரியைத் திறந்து திறந்து பார்த்தோம். பார்க்காமல் விட்டிருந்தால் உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது. கதவின் றப்பர் நன்றாக இருந்தால் அரை நாள் தாங்கும். கரண்ட் போனால் கதவைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

இனி வெளியே போகும்போது நடப்பது. காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டல் மண்டபத்துக்குள் ஏசி 22 பாகையில் ஓடிக்கொண்டிருக்கும். தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளை பொம்பிளையைப் புல்வெளிக்குக் கூட்டிப் போவார்கள். வெளியே 30 பாகை, ஈரப்பதன் 75. அந்தக் காற்றின் பனிநிலை 25 பாகை. அதாவது 25க்குக் கீழே குளிர்ந்த எது வெளியே வந்தாலும் அதன்மேல் தண்ணீர் படியும். ஏசிக்குள் இருந்த கமராவோ 22இல் இருக்கிறது.

"அக்கா, லென்ஸ் முழுக்க மூட்டம். துடைக்கத் துடைக்க வருது."

"துடைக்காதை தம்பி. அது வெயர்க்குது. கமரா சூடாகும்வரைக்கும் விடு."

எனக்கு உதவிக்கு வரும் தம்பிமார் ஒவ்வொருவரோடும் இந்தப் பேச்சு ஒருதரம் நடந்தே தீரும். இதற்கு வழி, மண்டபத்துக்குள் இருக்கும்போதே கமராவை ஒரு நல்ல சொப்பிங் பைக்குள் போட்டு, காற்றை அமத்தி எடுத்து, முடிச்சுப் போட்டு வெளியே கொண்டுபோவது. பனி பைக்கு வெளியே படியும், கமராவில் படியாது. அரை மணித்தியாலத்தில் கமரா வெளி வெப்பத்துக்கு வந்துவிடும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் இரண்டாவது கமராவை முதலிலேயே ஏசி இல்லாத இடத்தில், வாசலில் நம்பிக்கையான ஒருவர் மடியில், வைத்துவிடுங்கள். மூட்டம் பிடித்த நேரத்தில் லென்ஸைக் கழற்றி மாற்றுவது மட்டும் கூடவே கூடாது. வெளியே படிந்த அதே ஈரம் சென்சரிலும் படியும்.

காலிமுகத்திடல் கடற்கரை வேறு கதை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று கடலிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். இஸ்ஸோ வடை வண்டில்களையும் பட்டங்களையும் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் கண்ணாடியில் மெல்லிய ஒரு படலம். அது உப்பு. முன்பு அளவியைச் சரி பார்த்த 75 இங்கே மறுபடி வருகிறது: ஈரப்பதன் 75ஐத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தானே தண்ணீரை இழுத்துக் கரையும். கொழும்பு இரவுகளில் அது தினமும் தாண்டும். பகலில் காய்ந்ததாகத் தெரிந்த கமரா இரவில் மறுபடி நனைகிறது. ஆகவே அன்றிரவே துடைக்க வேண்டும். முதலில் றப்பர் புளோவரால் ஊதுங்கள், உப்புத் துணிக்கையோடு துடைத்தால் கீறும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கமராவின் உடம்பை, பட்டன் இடுக்குகளோடு. கண்ணாடிக்கு மட்டும் லென்ஸ் திரவமும் சுத்தமான மைக்ரோபைபர் துணியும். முன்னால் ஒரு யூவீ கண்ணாடி போட்டுக்கொண்டு போனால் இந்த வேலை பாதி.

போன்காரர்களுக்குச் சுருக்கமாக. தண்ணீர் தாங்கும் என்பதற்கு ஐபி68 என்று போட்டிருப்பது நல்ல தண்ணீரில் செய்த சோதனை, கடல் தண்ணீருக்கு அது பொறுப்பில்லை. போனையும் அன்றே ஈரத் துணியால் துடையுங்கள். சார்ஜ் துளையில் ஈரம் என்று எச்சரிக்கை வந்தால் துளையைக் கீழே பிடித்து மெல்லத் தட்டி, ஃபேன் காற்றில் வையுங்கள். அரிசிக்குள் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது.

பங்கஸ் ஏற்கெனவே பிடித்துவிட்டதா என்று பார்ப்பதும் தெரிந்திருக்க வேண்டும், முக்கியமாகப் பழைய லென்ஸ் வாங்கும்போது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் பெரியப்பா தன்னுடைய பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸைக் கொண்டுவந்து, "பிள்ளை, இதை வித்தா என்ன வரும்?" என்று கேட்டார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் பளிங்கு. வளையத்தை 1.8க்குத் திருப்பி, துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து போன் டோர்ச்சை அடித்து, முன்பக்கம் கொஞ்சம் சரித்துப் பார்த்தோம். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வெள்ளை இழைகள், ஒன்றிலிருந்து ஒன்று கிளைவிட்டு, நடுவை எட்டாமல் நின்றுவிட்டன. தூசி என்றால் புள்ளி புள்ளியாக இருக்கும், கிளை விடாது. கடைக்காரர் "தூசிதான்" என்று சொல்லும்போது இந்தக் கிளையைத் தேடுங்கள்.

இவ்வளவு சொற்பம் சாதாரணப் படத்தில் தெரியாது. குத்துவிளக்கையோ மாலை வெயிலையோ எதிரே வைத்து எடுத்தால்தான் சுடரைச் சுற்றி மூட்டம் பரவி, கறுப்பு சாம்பலாகும். வாங்க முன் அப்படி ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

வெயிலில் வைத்தால் போய்விடும் என்று ஒரு வைத்தியம் உண்டு. ஊதாக்கடந்த கதிர் பங்கஸைக் கொல்லக்கூடும், ஆனால் அது கக்கிய அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்த தடம் அப்படியே இருக்கும். வெயிலில் லென்ஸை விட்டுவிட்டு உள்ளே போனால் திரைச்சீலையும் பற்றும். இழை வெளிக்கண்ணாடியில் என்றால் திருத்துபவர் லேசாகத் துடைத்துத் தருவார். உள்ளே, அதுவும் ஒட்டிய இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் என்றால், கூலியையும் அதே லென்ஸின் பழைய விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அநேகமாக வேறொன்று வாங்குவது மலிவு. பங்கஸ் உள்ளதை மற்றவையோடு ஒரே பெட்டியில் வைக்கலாமா என்றால், 50 வீதத்தில் நிற்கும் பெட்டியில் அது பரவப் போவதில்லை. என்றாலும் துடைத்து வரும்வரை நான் தனியே ஒரு சின்னப் பெட்டியில்தான் வைப்பேன். பெரியப்பாவுடையது இப்போது அதில்தான் இருக்கிறது.