பெருந்தொற்றுக் காலத்தில் ஏற்றுமதியாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஏப்ரலில் உலக வர்த்தக அமைப்பு, அவ்வாண்டின் சரக்கு வர்த்தகம் 13 முதல் 32 விழுக்காடு வரை சரியக்கூடும் என்று கணித்தது. ஆண்டு முடிந்து கணக்குப் பார்த்தபோது சரிவு 5 விழுக்காட்டை ஒட்டி நின்றிருந்தது. மறு ஆண்டே வர்த்தகம் இழந்ததை மீட்டு மேலேறியது. இந்தியாவின் ஏற்றுமதியும் அப்படித்தான். 2020 ஏப்ரலில் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிடச் சுமார் 60 விழுக்காடு குறைந்திருந்த அது, 2021-22 நிதியாண்டில் 40,000 கோடி டாலரைத் தாண்டியது. கொரோனா வர்த்தகத்தை நிரந்தரமாகச் சுருக்கவில்லை. அதன் தேதிகளைக் குலைத்தது. சரக்கு கிளம்ப வேண்டிய நாளும், கப்பல் வர வேண்டிய நாளும், பணம் வந்து சேர வேண்டிய நாளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயின. இதைக் காணாமல் ‘இனி வியாபாரம் படுத்துவிடும்’ என்று ஒரே கோணத்தில் முடிவெடுத்ததுதான் முதல் தவறு.

கார் நிறுவனங்கள் இதற்குச் சரியான சாட்சி. 2020-இன் முற்பகுதியில் விற்பனை நின்றவுடன் அவை சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலிருந்தே படிப்பு என்று மடிக்கணினிக்குத் தேவை பெருகியிருந்ததால், காலியான உற்பத்தித் திறனை மின்னணுச் சாதன நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. ஆண்டின் இறுதியில் கார் வாங்க ஆள் வந்தபோது வரிசையில் இடம் இல்லை. 2021 முழுவதும் ஆலைகள் விட்டுவிட்டு நின்றன. ஆர்டரை ரத்து செய்பவர் பொருளை மட்டும் விடுவதில்லை, வரிசையில் தமக்கிருந்த இடத்தையும் விடுகிறார். மூலப்பொருள் வாங்கும் சிறிய தொழிலகத்துக்கும் இது பொருந்தும்: முழுமையாக ரத்து செய்வதைவிட, அளவைக் குறைத்துத் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்பது பெரும்பாலும் நல்லது.

அடுத்த தவறு மிகப் பரவலானது, மிக விலை உயர்ந்ததும்கூட. கொள்ளைநோய் வந்துவிட்டால் ஒப்பந்தம் தானாகவே தளர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அது. 2020 பிப்ரவரி 19 அன்று மத்திய நிதியமைச்சகம் வெளியிட்ட குறிப்பாணை ஒன்று, கொரோனாவால் விநியோகத்தில் ஏற்படும் தடையை இயற்கைப் பேரிடராகக் கருதலாம் என்று கூறியது. அரசுக் கொள்முதலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தக் குறிப்பாணையைத் தனியார் ஒப்பந்தங்களுக்கும் உரிய கேடயமாகப் பலர் எண்ணிக்கொண்டார்கள். சட்டம் அவ்வளவு தாராளமானதன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, நிறைவேற்ற இயலாமற்போன ஒப்பந்தத்துக்கே பொருந்தும். நிறைவேற்றுவது கடினமாகவோ நட்டமாகவோ ஆகிவிட்ட ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது. விலையேற்றம் மட்டுமே ஒருவரைக் கடமையிலிருந்து விடுவிக்காது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒரு மின்சார வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

இங்கிலாந்துச் சட்டம் இன்னும் கறாரானது. கடல் வணிக ஒப்பந்தங்கள் பலவும் அதன்கீழ் எழுதப்படுவதால் நமக்கும் அது அந்நியமில்லை. 1956-இல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டபோது, சூடானிலிருந்து ஹாம்பர்க்குக்கு நிலக்கடலை அனுப்ப ஒப்புக்கொண்டிருந்த ஒருவர், வழி அடைபட்டதால் ஒப்பந்தம் முறிந்தது என்று வாதிட்டார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயிருக்கலாமே என்று அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1961-இல் தீர்ப்பளித்தது. அதிகச் செலவு, அதிக நாள் என்பவை எல்லாம் சாக்குகளாகவே கொள்ளப்பட்டன. 2020 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கிலும் ஏறத்தாழ இதே போக்குதான். கொரியாவிலிருந்து எஃகு இறக்குமதி செய்தவர்கள், ஊரடங்கைக் காரணம் காட்டி வங்கி எல்.சி. (ஆவணங்கள் சரியாக இருந்தால் விற்றவருக்குப் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) மூலம் பணம் தருவதை நிறுத்தக் கோரினர். விற்றவர் சரக்கைக் கப்பலேற்றிவிட்டார், எதிர்பாராத தடைக்கு விலக்குத் தரும் ஒப்பந்த விதி விற்பவருக்கு மட்டுமே உரியது, எல்.சி. என்பது தனி ஒப்பந்தம், எஃகு அத்தியாவசியப் பொருள், துறைமுகங்களும் இயங்குகின்றன என்று சொல்லி நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது.

ஆகவே விலக்கு வேண்டுமானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். கொள்ளைநோய், அரசு ஆணை, துறைமுக மூடல் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது முதல் தேவை. எத்தனை நாளுக்குள் அறிவிப்புத் தர வேண்டும், தடை நீடித்தால் எந்த நாளுக்குப் பிறகு விலகலாம், அதுவரை வாங்கிய மூலப்பொருளின் செலவு யாருடையது என்பவையும் இடம்பெற வேண்டும். பின்னலாடைத் தொழிலில் கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. வாங்குபவரின் ஆர்டர் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விதி பெரும்பாலும் அவருக்கே சாதகமாக இருக்கும். அதைப் படிக்காமல் நூல் வாங்கிவிடுகிறோம். குழந்தைகளுக்கான ஒரு டி-சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் பிராண்டின் லேபிள், நெஞ்சில் உரிமம் பெற்ற கார்ட்டூன் உருவம், தொங்கும் அட்டையில் பவுண்டில் அச்சிட்ட விலையும் பார்கோடும். ஆர்டர் ரத்தானால் அதை வேறொருவருக்கு விற்கப் பிராண்டின் அனுமதி வேண்டும். உள்ளூர்ச் சந்தையில் தள்ளவும் லேபிளை வெட்டியெடுக்க வேண்டும், உருவத்தை ஒன்றும் செய்ய முடியாது. 2020 வசந்தத்தில் வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆடை ஆர்டர்கள் ரத்தாகவோ நிறுத்திவைக்கப்படவோ செய்தன. அவற்றில் பலவற்றுக்குத் துணி ஏற்கெனவே வாங்கப்பட்டிருந்தது. துணி வெட்டிய பிறகு ரத்து செய்தால் முழு விலை, நூல் வாங்கிய பிறகென்றால் நூலின் விலை என்று படிப்படியாக எழுதிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுக்கும் வாங்குபவர் எப்படிப்பட்டவர் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கப்பல் கட்டணத்துக்கு வருவோம். சீனாவிலிருந்து அமெரிக்க, ஐரோப்பிய வழித்தடங்களை மையமாகக் கொண்ட ட்ரூரி கப்பல் கட்டணக் குறியீடு, தொற்றுக்கு முன் 40 அடி கன்டெய்னருக்கு 1,500 டாலர் அளவில் இருந்தது. 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையில் ஆறு மாதத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டவர்கள் வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்டினார்கள். சரக்கைக் கப்பலேற்றுவதோடு பொறுப்பு முடியும் எஃப்.ஓ.பி.யில் விற்றவர்களோ, கட்டணம் வாங்குபவருடையது என்பதால் தமக்குக் கவலையில்லை என்று இருந்துவிட்டார்கள். இதுவும் தவறுதான். வாங்குபவர் நியமித்த ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பும் முகவர்) கப்பலில் இடம் வாங்கித் தராவிட்டால் சரக்கு கிடங்கிலேயே கிடக்கும். சரக்கு கப்பலேறினால்தான் எஃப்.ஓ.பி.க்கு வேண்டிய பில் ஆஃப் லேடிங் என்னும் கப்பலேற்றுச் சான்று கிடைக்கும். அது கிடைத்தால்தான் பணத்துக்கான நாள் எண்ணத் தொடங்கும். கப்பலேறும்வரை சரக்குக்கு நேரும் சேதமும் விற்றவர் தலையில்தான். கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. முறையே ஏற்றது என்று பன்னாட்டு வணிக விதித்தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020 விளக்குவது இதனால்தான்: வாங்குபவர் நியமித்த போக்குவரத்து நிறுவனத்திடம் சரக்கை ஒப்படைத்ததுமே விற்றவர் பொறுப்பு முடிகிறது. பழக்கத்தின் காரணமாக நம் ஆட்கள் இன்னும் எஃப்.ஓ.பி.யை விடுவதில்லை.

தூத்துக்குடியிலிருந்து அனுப்புவோர் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கிருந்து கிளம்பும் கன்டெய்னர்களில் கணிசமானவை சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. 2020 அக்டோபரிலிருந்து கொழும்புத் துறைமுகத் தொழிலாளரிடையே தொற்று பரவியபோது அங்கே கடும் நெரிசல் ஏற்பட்டது. சில கப்பல் நிறுவனங்கள் கொழும்பைத் தவிர்த்தே சென்றன. கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தும் சரக்கு நகரவில்லை. சென்னை அல்லது கொச்சி வழியாக அனுப்ப என்ன செலவாகும், எத்தனை நாளாகும் என்ற கணக்கை நெருக்கடி வந்த பிறகு போடக்கூடாது.

எல்.சி. இருந்தால் பணம் நிச்சயம் என்ற நினைப்பையும் கைவிட வேண்டும். எல்.சி.க்கான பன்னாட்டு விதிகளான யு.சி.பி. 600-இன் 36-ஆவது பிரிவின்படி, பேரிடரால் வங்கி மூடிக்கிடந்த காலத்தில் காலாவதியான எல்.சி.க்கு, மீண்டும் திறந்த பிறகு வங்கி பணம் தராது. வேறு காலவரம்பு சொல்லப்படாவிட்டால் கப்பலேற்றிய 21 நாளுக்குள் ஆவணங்களைச் சமர்ப்பிக்க வேண்டும். விமானங்கள் நின்று கூரியர் தடுமாறிய வாரங்களில் அது சிறிய தடையல்ல. காலாவதியாகும் முன்பே நீட்டிப்புத் திருத்தம் கேட்பதே வழி.

எல்.சி. இல்லாமல் கடனுக்கு அனுப்புவோருக்கு ஆபத்து வேறு விதமானது. பிரிட்டனின் டெபன்ஹாம்ஸ் 2020 ஏப்ரலிலும், அமெரிக்காவின் ஜே.சி. பென்னி மே மாதத்திலும் திவால் நடவடிக்கைக்குள் சென்றன. இரண்டும் நூற்றாண்டு கடந்த பெயர்கள். பெயரைப் பார்த்துக் காப்பீட்டைத் தவிர்ப்பதும், அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் பாலிசி எடுத்துவிட்டுத் தவணை தாண்டிய பாக்கிகளை உரிய காலத்தில் அறிவிக்காமல் விடுவதும் ஒரே விளைவைத்தான் தரும்.

அரசு ஆணைகள் பற்றிச் சுருக்கமாக. 2020 மார்ச் 24 அன்று வியட்நாம் அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது; மறுநாள் இந்தியா ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. முகக்கவசத்திலும் பாதுகாப்பு உடையிலும் பணம் பார்க்கலாம் என்று முதலீட்டைக் கொட்டியவர்களுக்கு, உடைகளை மாதம் 50 லட்சம் என்ற வரம்போடு ஏற்றுமதி செய்ய அனுமதி கிடைத்ததே ஜூன் இறுதியில்தான். அதற்குள் சீன ஆலைகள் முழு வேகத்தில் இயங்கிக்கொண்டிருந்தன. நெருக்கடியில் தேவைப்படும் பொருளைத்தான் அரசு முதலில் தடுக்கும் என்பதை எண்ணாமல் அதில் இறங்குவது சூதாட்டம்.

சலுகைகளைத் தவறாகப் புரிந்துகொள்வதும் உண்டு. ஏற்றுமதிப் பணத்தை நாட்டுக்குள் கொண்டுவர இருந்த 9 மாத அவகாசத்தை ரிசர்வ் வங்கி 2020 ஏப்ரலில் 15 மாதமாக உயர்த்தியது. 2020 ஜூலை 31 வரை அனுப்பிய சரக்குக்கு அது பொருந்தியது. அந்நியச் செலாவணி விதியில் தரப்பட்ட அவகாசம் அது. சரக்கு அனுப்பும் முன் வங்கி தரும் பேக்கிங் கிரெடிட் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த அவகாசத்தைக் காட்டி வாங்குபவர் கூடுதல் தவணை கேட்டபோது ஒப்புக்கொண்டவர்கள், அந்த வட்டியையும் விலையில் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். தள்ளுபடியிலும் அப்படித்தான்: வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் ஒப்புக்கொண்ட விலைக்குறைப்பை வங்கியின் ஒப்புதலோடு ஆவணப்படுத்தாவிட்டால், அந்த ஷிப்பிங் பில் (சுங்கத்துறை ஏற்றுமதிப் பதிவு) நிலுவையிலேயே நிற்கும்; ஒப்புதல் பெற்றாலும், குறைத்த மதிப்புக்கு உரிய ஏற்றுமதி ஊக்கத்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். எனவே பத்து விழுக்காடு தள்ளுபடி கேட்கும் வாங்குபவருக்குப் பதில் எழுதும் முன், உண்மையில் கையைவிட்டுப் போவது எவ்வளவு என்பதைக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.