'ஓமா' என்றால் கட்டி என்று எழுதிவைக்காதீர்கள்: மருத்துவச் சொற்களைப் பிரித்துப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டில் இருபத்திரண்டு வருடம் தாதியாக இருந்தேன். இப்போது சனிக்கிழமை மாலைகளில், சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில் ஓர் அறையில், எட்டுப் பத்துப் பேருக்கு மருத்துவச் சொற்கள் சொல்லிக்கொடுக்கிறேன். கிளினிக் கவுன்டரில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஐடிஇ என்ற தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தாதிமை படிக்கும் பிள்ளைகள், நோயாளிகளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பவர்கள் எல்லாரும் வருகிறார்கள்.

சொல்லை வேர், முன்னொட்டு, பின்னொட்டு என்று பிரித்துப் படிப்பது நல்ல வழிதான். 'ஹெப்பட்டோ' கல்லீரல், 'கார்டியோ' இதயம், 'எக்டமி' வெட்டி எடுப்பது. இப்படிக் கொஞ்சம் துண்டுகள் கைவசம் இருந்தாலே, இதுவரை பார்த்திராத சொல்லையும் ஓரளவு ஊகித்துவிடலாம். நானும் அப்படித்தான் படித்தேன். நான் அன்று செய்த தவறுகளையே இந்தப் பிள்ளைகளும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. 'ஹைப்பர்' அதிகம், 'ஹைப்போ' குறைவு, இரண்டையும் மாற்றிவிடாதீர்கள் என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

பின்னொட்டின் பொருளைக் கணக்குச் சூத்திரம் போல வைத்துக்கொள்வது

எனக்கு இன்னும் ஆறாத தவறு இதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாரத்திலிருந்து விழுந்த ஒரு வெளிநாட்டு ஊழியரை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். புதுக்கோட்டைப் பக்கம் ஊர். டாக்டர் ஸ்கேனைப் பார்த்து 'சப்டியூரல் ஹெமட்டோமா' என்றார். ஊரில் இருக்கும் மனைவிக்குத் தமிழில் சொல்லச் சொல்லி ஃபோனை என் கையில் கொடுத்தார்கள். நான் நோட்டில் எழுதிவைத்திருந்தது அப்படியே நினைவுக்கு வந்தது. 'ஹெமட்டோ' ரத்தம், 'ஓமா' கட்டி. கொஞ்சமும் தயங்காமல், "மூளைல ரத்தக் கட்டி இருக்கும்மா, ஆபரேஷன் செஞ்சு எடுக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

"கட்டியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

மறுநாள் காலையில் அவருடைய தம்பி கூப்பிட்டார். "மேடம், மாமா எத்தனை மாசம் தாங்குவாரு?" என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. மெல்ல விசாரித்தபோதுதான் தெரிந்தது. அன்று இரவே மூளையில் புற்றுநோய் என்று ஊர் முழுக்கச் செய்தி பரவியிருக்கிறது. எப்படியாவது சிங்கப்பூர் வந்து கடைசியாக ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அந்த அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துவிட்டார்.

அவருக்கு இருந்தது ரத்தக்கட்டு. கீழே விழுந்ததால் ரத்தக்குழாய் கிழிந்து, மண்டையோட்டுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. மண்டையோட்டைத் திறந்து அந்த ரத்தத்தை எடுத்தார்கள். மூன்றாவது வாரம் அவர் வார்டு நடைபாதையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ரத்தக்கட்டு என்று சொல்லியிருந்தால், காலில் அடிபட்டு நீலம் பாரித்துக்கொள்வதைப் பார்த்த எந்தக் கிராமத்து மனுஷிக்கும் சட்டென்று விளங்கியிருக்கும். 'கட்டு' என்பதற்கும் 'கட்டி' என்பதற்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதான். நம் காதில் கட்டி என்று விழுந்தால் மனம் முதலில் புற்றுநோய்க்குத்தான் ஓடுகிறது.

அந்த வாக்கியத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. 'சப்' என்றால் கீழே. 'டியூரல்' என்பது மூளையைச் சுற்றியிருக்கும் 'டியூரா மேட்டர்' என்ற தடித்த உறை. லத்தீனில் அதற்குக் கடினமான தாய் என்று பொருள். பழைய அரபு மருத்துவ நூல்களில் இருந்த பெயரை அப்படியே மொழிபெயர்த்தது. ரத்தம் தேங்கியிருந்தது அந்த உறைக்குக் கீழே, மூளைக்கு வெளியே. நான் 'மூளைல' என்று சொல்லியிருந்தேன். சொல்லைச் சரியாகப் பிரிக்கத் தெரிந்தும், பிரித்த துண்டுகளைத் தமிழில் ஒட்டும்போது தப்பாக ஒட்டிவிட்டேன்.

கிரேக்கத்தில் '-மா' என்பது ஒரு செயலின் விளைவைக் குறிக்கும் விகுதி. அதிலிருந்து வந்த '-ஓமா' எதையெல்லாம் குறிக்கிறது என்று பாருங்கள். 'லைப்போமா' தோலுக்கடியில் உருளும் சாதாரணக் கொழுப்புக் கட்டி. பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. 'மெலனோமா', 'லிம்ஃபோமா', 'மைலோமா' எல்லாம் புற்றுநோய். 'கிரானுலோமா' அழற்சியால் செல்கள் திரண்டு உண்டாவது, காசநோயிலும் வரும். 'கிளக்கோமா'வில் கட்டி என்று எதுவுமே கிடையாது. பார்வை நரம்பு சேதமாகும் கண்நோய் அது. 'கோமா', 'ஸ்டோமா' இரண்டும் ஓசையில் ஒட்டிக்கொண்டு வருபவை. கிரேக்கத்தில் முதலாவது ஆழ்ந்த உறக்கம், இரண்டாவது வாய். இந்தப் பின்னொட்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

போன மாதம் வகுப்பில் ஒரு பெண், படிப்பில் நல்ல கெட்டிக்காரி, 'கிளக்கோமா'வுக்குக் கண்ணில் வரும் பச்சைக் கட்டி என்று எழுதியிருந்தாள். 'கிளக்கோ' என்பதைப் பச்சை கலந்த சாம்பல் நிறம் என்று கண்டுபிடித்தவரைக்கும் சரி. மீதி என்னுடைய பழைய நோட்டிலிருந்து எடுத்தது போலவே இருந்தது. அவள் கையில் இருந்த அட்டையில் 'ஓமா = கட்டி' என்று சிவப்பு மையில் எழுதிக் கோடும் போட்டிருந்தாள். அந்தச் சமக்குறியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள்மேல் இல்லை. அப்படி அட்டை எழுதச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல்.

இப்போது என் வகுப்பில் '-ஓமா'வுக்கு அட்டை கிடையாது. ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறேன். புற்றுநோய், புற்றுநோய் அல்லாத கட்டி, இரண்டுமே இல்லாதது. புதிதாக ஒரு '-ஓமா' வந்தால் அகராதியைப் பார்த்து, எந்தக் கட்டத்தில் சேரும் என்று தெரிந்த பிறகுதான் எழுத வேண்டும். எழுதும்போதே பக்கத்தில், வீட்டில் பாட்டியிடம் இதை எப்படிச் சொல்வாய் என்று ஒரு தமிழ் வாக்கியமும் வேண்டும். அந்த வாக்கியம் எழுதத்தான் பிள்ளைகளுக்கு நேரமாகிறது. ஆகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

'ஐடிஸ்' என்றால் தொற்று என்று நினைப்பது

'-ஐடிஸ்' அழற்சியைக் குறிக்கிறது. அழற்சிக்குக் கிருமியும் காரணமாகலாம், வேறு எதுவும் காரணமாகலாம். 'ஹெப்பட்டைட்டிஸ்' வைரஸாலும் வரும், குடியாலும் வரும், சில மருந்துகளாலும் வரும். 'டெர்மடைட்டிஸ்' என்று சீட்டில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, ஒரு பெரியவரின் துண்டையும் தட்டையும் மருமகள் தனியாக எடுத்துவைத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அவருக்கு இருந்தது சோப்பு ஒத்துக்கொள்ளாமல் வந்த தோல் அழற்சி. யாருக்கும் ஒட்டாது.

அகரவரிசையில் மனப்பாடம் செய்வது

வேண்டாம். உறுப்பு வாரியாகப் படியுங்கள்.

ஓர் உறுப்புக்கு ஒரு வேர்தான் என்று எண்ணுவது

சிறுநீரகத்துக்கு 'நெஃப்ரோ' என்று படித்தவர்கள் 'ரீனல்' என்ற சொல்லைப் பார்த்ததும் வேறு உறுப்பு என்று குழம்புகிறார்கள். முதலாவது கிரேக்கம், மற்றது லத்தீன். நுரையீரலுக்கும் 'நியூமோ', 'பல்மோ' என்று இரண்டு உண்டு. நமக்கு இது புதிதே இல்லை. கண் என்கிறோம், நேத்திரம் என்றும் சொல்கிறோம். பல் வைத்தியர் என்கிறோம், தந்த வைத்தியர் என்றும் பலகை இருக்கும். பொதுவாக நோய்க்கும் அறுவைக்கும் கிரேக்க வேரும், உடலுறுப்பின் பெயருக்கு லத்தீன் வேரும் வரும். இது விதி கிடையாது, ஒரு போக்குதான்.

இதில் ஏமாற்றும் சொல்லும் இருக்கிறது. இதயத்துக்கு லத்தீனில் 'கோர்' என்று படித்தவர்கள் 'கரோனரி' அதிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்வார்கள். கிரீடம் என்று பொருள்படும் 'கரோனா'விலிருந்து வந்தது அது. அந்த ரத்தக்குழாய்கள் இதயத்தைக் கிரீடம் போலச் சுற்றியிருப்பதால் அந்தப் பெயர். நம்மை வீட்டுக்குள் அடைத்துவைத்த கரோனா கிருமிக்கும் அதே சொல்தான்.

'டமி', 'எக்டமி', 'ஸ்டமி' மூன்றையும் வாய்க்குள் மென்றுவிடுவது

'-டமி' வெட்டித் திறப்பது, '-எக்டமி' எடுத்துவிடுவது, '-ஸ்டமி' உடலில் வாய் போல ஒரு திறப்பு உண்டாக்குவது. 'கிரேனியாட்டமி' செய்தால் மண்டையோட்டின் துண்டைத் திரும்பப் பொருத்திவிடுவார்கள். 'கிரேனியெக்டமி' என்றால் அந்தத் துண்டைப் பொருத்தாமல் விட்டுவிடுவார்கள்; அந்தப் பக்கம் தோலுக்கடியில் எலும்பு இல்லை. அந்த நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டரிடம் மறுபடி கேட்கத் தயங்குவது

கேளுங்கள்.

தமிழ் எழுத்தில் மட்டும் குறித்துவைப்பது

வேகத்துக்காக எல்லாரும் தமிழில் கிறுக்கிக்கொள்கிறார்கள். 'இலியம்' என்று எழுதினால் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியா, இடுப்பெலும்பா என்று நம் எழுத்தில் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றாம் எழுத்து காட்டிக்கொடுக்கும்: 'ஈ' வந்தால் குடல், 'ஐ' வந்தால் எலும்பு. வாய்க்கும் காதுக்கும் உரிய சொற்கள் இரண்டும் ஏறக்குறைய 'ஓரல்' என்றே காதில் விழும். சொட்டு மருந்து கொடுக்கும்போது இது சின்ன விஷயமில்லை.

'டிஸ்ஃபேஜியா', 'டிஸ்ஃபேசியா' இரண்டும் இன்னும் மோசம். பக்கவாதம் வந்தவருக்கு இரண்டும் சேர்ந்தேகூட இருக்கலாம். முதலாவது விழுங்குவதில் சிரமம். அதில் இருக்கும் 'ஃபேக்' என்ற வேர் தின்பதைக் குறிப்பது. உணவுக்குழாயின் ஆங்கிலப் பெயரான 'ஈசோஃபேகஸ்' என்ற சொல்லிலும் அது இருக்கிறது. இரண்டாவது பேச்சில் சிரமம். விழுங்க முடியாதவருக்குப் பேச முடியாதவர் என்று குறித்துக்கொண்டால், பார்க்க வந்த உறவினர் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டும்போது தடுக்கத் தோன்றாது. அந்தத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் கட்டிலுக்கு மேலே கெட்டிப்படுத்திய தண்ணீர்தான் கொடுக்க வேண்டும் என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, அப்புறம் நோட்டைத் திறக்கச் சொல்கிறேன்.