இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்: மலைச்சாலையில் லாரி ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரிலிருந்து சேலம் வரும் நான்குவழிச் சாலையில் தருமபுரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தால் தொப்பூர் கணவாய். மலைப்பாதை என்றதும் மனதில் வருகிற எதுவும் அங்கே இருக்காது. கொண்டை ஊசி வளைவு கிடையாது, எதிரே வண்டி வராது, சாலை அகலமாகக் கிடக்கும். அங்கே இத்தனை உயிர் போவதற்கு அதுவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். 2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றிவந்த லாரி ஒன்று, நெரிசலில் நின்றிருந்த பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மேல் மோதி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் இன்னொரு விபத்து, அதிலும் 4 பேர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிற டிரைவருக்கு ஒவ்வொரு வளைவிலும் பயம் இருக்கும், வண்டியைக் கைக்குள் வைத்திருப்பார். தொப்பூரில் அந்தப் பயமே வராது. வண்டி தானாக ஓடும், கால் சும்மா இருக்கும், கை தன்னால் கியர் கம்பியை நியூட்ரலுக்குத் தள்ளும்.

அந்த ஒரு தள்ளலைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். மற்ற தவறுகளுக்குப் பெரும்பாலும் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைக்கும். இதற்குக் கிடைக்காது.

நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சமாகும் என்பது லாரித் தொழிலில் அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிற நம்பிக்கை. அது தப்பு. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினைச் சுற்றுவது சக்கரம்தான். அப்போது இப்போதைய இன்ஜின்கள் டீசலை முழுதாக நிறுத்திவிடும். பழைய பம்ப் வைத்த வண்டியிலும், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலை வெட்டிவிடும். நியூட்ரலில் விட்டாலோ இன்ஜின் அணையாமல் இருக்க ஐடிலிங்குக்கு டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். எதை மிச்சம் பிடிக்க உயிரைப் பணயம் வைக்கிறோமோ, அது அங்கே மிச்சமாவதே இல்லை.

நியூட்ரலில் போவது, கியரில் இருக்கும்போது இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கிற அந்தப் பிடிப்பு மட்டுமா என்றால், இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக் என்பது புகைக்குழாயை ஒரு தகடு மூடி இன்ஜினைத் திணற வைக்கிற ஏற்பாடு. இன்ஜினும் சக்கரமும் கியரால் கட்டப்பட்டிருந்தால்தான் அது வேலை செய்யும். நியூட்ரலில் அந்த சுவிட்சைத் தட்டினாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. லாரி பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது; அந்தக் காற்றை அடைக்கிற ஏர் கம்ப்ரசரும் இன்ஜின் சுற்றினால்தான் சுற்றும். ஐடிலிங்கில் மெதுவாகச் சுற்றும்போது, பிரேக்கை மிதித்து மிதித்துக் காலியாக்குகிற காற்றை அதனால் நிரப்பிக்கொடுக்க முடியாது. சிலர் ஒருபடி மேலே போய் சாவியையே அணைத்துவிடுவார்கள். பவர் ஸ்டீயரிங் பம்பும் அதோடு நின்றுபோகும். முப்பது டன் வண்டியின் ஸ்டீயரிங்கை வெறும் கைபலத்தில் திருப்பி வளைவைக் கடப்பது எவராலும் ஆகாது.

இதில் மிகப் பெரிய ஆபத்து, திரும்பி வர வழியில்லாததுதான். நியூட்ரலில் வண்டி 60, 70 என்று போன பிறகு பயம் வந்து மூன்றாவது கியரைத் தேடினால் கிடைக்காது. கியர் பாக்ஸ் கரகரவென்று அரைக்கும், பல் சேராது. அதற்குள் பிரேக்கும் சூடேறியிருக்கும். அதனால்தான் பழைய டிரைவர்கள், "கியரை மேட்டுலயே போட்டுடு, பள்ளத்துல தேடாதே" என்பார்கள். ஏறும்போது அந்த லோடோடு எந்த கியரில் ஏறுவீர்களோ, அதே கியர், முடிந்தால் அதற்கும் ஒன்று கீழே. இறக்கம் தொடங்கும் முன்பே, வண்டி மெதுவாகப் போகும்போதே போட்டுவிட வேண்டும். பின்னால் வருகிற கார்க்காரர் ஹாரன் அடிப்பார். அடித்துவிட்டுப் போகட்டும்.

டிரைவரை மட்டும் குறை சொல்லி நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு நடைக்கு இத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டு, கூடினால் படியில் பிடிக்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்தக் கணக்குதான் டிரைவரின் கையை நியூட்ரலுக்குத் தள்ளுகிறது. வண்டி முதலாளிகள் இதைப் படித்தால், மலைப்பாதை உள்ள நடைக்கு டீசல் கணக்கைத் தளர்த்திப் போடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பிரேக்கை மிதித்தபடியே இறங்குவது

அடுத்த தவறு, காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்குவது. லேசாகத்தானே மிதிக்கிறோம் என்று தோன்றும். 35 டன் வண்டி 300 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 10 கோடி ஜூல் சக்தி எங்காவது போய்த் தீர வேண்டும். அந்தச் சூட்டை வைத்து 300 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். இன்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளாவிட்டால் அத்தனையும் சக்கரத்தோடு சுற்றும் டிரம்மிலும், அதை அழுத்திப் பிடிக்கும் லைனரிலும்தான் இறங்கும். சூட்டில் டிரம் விரிந்து லைனரைவிட்டு விலகும், லைனரும் வழுக்க ஆரம்பிக்கும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. விபத்துக்குப் பிறகு "பிரேக் ஃபெயிலியர்" என்று எழுதுகிறார்களே, அதில் ஏதும் உடையாமலே பிரேக் போனதும் உண்டு. சூட்டில் செத்த பிரேக் அது.

சரியான கியரில் இறங்கும்போது பிரேக்குக்கு வேலை குறைவு. 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கலாம் என்று முடிவு செய்திருந்தால், முள் 30ஐத் தொட்டதும் ஒரே அழுத்தாக மிதித்து 20க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். டிரம் மூச்சு வாங்கட்டும். மறுபடி 30 வரும்போது மறுபடி ஒரு மிதி. குட்டிக்குட்டியாக அடித்து அடித்து மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் காற்று வெளியேறும், டேங்க் இறங்கிக்கொண்டே வரும். வேகத்தைப் பற்றி ஒன்று நினைவில் இருக்கட்டும்: 30இல் போவதை 60இல் போனால், நிறுத்தத் தேவைப்படும் சக்தி இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு.

லைனர் கருகும் வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. சின்ன வயதில் லீவு நாட்களில் கிளீனராக வண்டி ஏறியபோது சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையில் அதை முதன்முதலில் முகர்ந்தேன். துணி கருகியது போல, கூடவே இரும்பு காய்ந்த நெடி. முன்னால் போன வண்டியின் பின்சக்கரத்திலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. எங்கள் டிரைவர் அண்ணன் உடனே ஓரங்கட்டினார், எங்கள் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாதபோதே. "அவன் போய் நிக்கட்டும், அப்புறம் போலாம்" என்றார். முன்னால் போகிறவன் பிரேக் இல்லாமல் போனால் அவன் பின்னால் இருக்கக் கூடாது, அவன் மோதி நிற்கும் இடத்துக்கு நாம் போய்ச் சேரக் கூடாது என்று அன்று விளக்கினார்.

புகை கண்டால் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு குடத்துத் தண்ணீரை டிரம்மில் ஊற்றாதீர்கள். காய்ந்த வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் டிரம் விரிசல் விட்டுவிடும். அரைமணி நேரம் காற்றில் ஆறட்டும். அதுவரை சமமான இடத்தில் சக்கரத்துக்குக் கட்டையை வைத்து வண்டியை நிறுத்துங்கள். கொதிக்கிற டிரம்மில் பார்க்கிங் பிரேக்கை இழுத்துவிட்டால், ஆறிச் சுருங்கும்போது அது பிடித்துக்கொள்ளவும் கூடும்.

ஏற்றத்தில்

ஏற்றத்தில் உயிர்ச்சேதம் குறைவு, வண்டிச்சேதம் அதிகம். பெரிய தவறு, பாதி மேட்டில் கியர் மாற்றுவது. லோடு வண்டி ஏற்றத்தில் கிளட்ச் மிதித்த நொடியே நின்றுபோகப் பார்க்கும். கியர் சேரவில்லை என்றால் பின்னோக்கி உருளும். மேட்டின் அடிவாரத்திலேயே கியரைக் குறைத்துவிட்டு, அதே கியரில் நிதானமாக ஏற வேண்டும். கிளட்சில் பாதிக் கால் வைத்து வண்டியைத் தாங்கிப் பிடித்தால் பிளேட் கருகும். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது பார்க்கிங் பிரேக் பிடித்திருக்க, கிளட்ச் கடித்த பிறகே பிரேக்கை விட வேண்டும். முன்னால் ஏறும் லாரிக்கும் உங்களுக்கும் நடுவே இன்னொரு லாரி நிற்கும் அளவு இடம் விடுங்கள். அது உருளாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கட்டையோடு கிளீனர் இறங்க நேர்ந்தால் பக்கவாட்டில் நின்று வைக்க வேண்டும், ஒருபோதும் சக்கரத்துக்குப் பின்னால் நின்று அல்ல. மேலே போய்ச் சேர்ந்ததும் டர்போ வண்டியைச் சட்டென்று அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இது டிரைவர்களின் பெருந்தன்மை மட்டுமல்ல, 2017ஆம் ஆண்டு மத்திய வாகன ஓட்டுதல் விதிகளிலும் இருக்கிறது. இரண்டு வண்டி போக இடமில்லையென்றால் இறங்குகிறவர் ஓரமாக நின்று ஏறுகிறவரை விட வேண்டும். இறங்குகிறவர் நின்றாலும் மறுபடி எடுக்கலாம். ஏறுகிறவர் நின்றால் எடுப்பது பெரும்பாடு.

கொண்டை ஊசி வளைவில் நீள வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டி வரும். அதனால் நுழையும்போதே அகலமாக எடுக்க வேண்டியிருக்கும், எதிரே வரும் பாதையைக் கடன் வாங்க வேண்டியிருக்கும். வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, தேவைப்பட்டால் கிளீனரை இறக்கி எதிர்வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு நுழையுங்கள். வளைவுக்குள் நின்று ரிவர்ஸ் எடுப்பது, பின்னால் வந்த வண்டிகளையும் சேர்த்துச் சிக்கவைக்கும். சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதையில் 27 வளைவுகள். 2022 பிப்ரவரியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வனவிலங்குகளைக் காக்க, மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை அங்கே கனரக வண்டி ஓடக் கூடாது. அந்த 6 மணியைப் பிடிக்க இறக்கத்தில் விரட்டுகிற பழக்கம் வேண்டாம். செக்போஸ்டில் ஒரு ராத்திரி படுத்தால் வாடகை தாமதமாகும், அவ்வளவுதான்.

லோடைப் பற்றி இரண்டே வார்த்தை. 2018இல் மத்திய அரசு இரண்டு ஆக்சில் லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. அதற்கு முன் செய்த வண்டியின் டிரம்மும் லைனரும் பழைய எடையை நினைத்துச் செய்தவை, அதற்கு மேலும் ஏற்றினால் மலையில் கணக்குத் தீர்க்க வேண்டிவரும். கிரானைட் கல், இரும்புச் சுருள் போன்ற லோடுகளைச் சங்கிலி போட்டுக் கட்டாமல் இறக்கத்தில் கொண்டுவருவது, கேபினுக்குப் பின்னால் அந்தக் கல்லை விட்டுவிட்டு பிரேக் அடிப்பதற்குச் சமம்.

மலை ஏறும் முன், இறங்கும் முன், ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஏர் மீட்டர் முழு அளவுக்கு ஏறிய பிறகு இன்ஜினை அணைத்து, பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முள் இறங்குகிறதா, எங்காவது உஸ்ஸென்று சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். ஏர் டேங்க்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுங்கள். காற்று மிகவும் இறங்கினால், அதுவரை காற்று விலக்கி வைத்திருந்த ஸ்பிரிங் பிரேக் தானாக விழுந்து பின்சக்கரத்தைப் பிடிக்கும். மழை பெய்த வளைவில் அப்படிப் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

எல்லாம் மீறி பிரேக் போய்விட்டால்? கியரை விடாதீர்கள், எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டே வைத்திருங்கள், விளக்கையும் ஹாரனையும் நிறுத்தாதீர்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மலைச்சரிவுப் பக்கம் ஒதுங்கி, மண்மேட்டிலோ பாறை ஓரத்திலோ வண்டியின் பக்கத்தை உரசவிட்டு வேகத்தைக் குறையுங்கள். எவ்வளவு சீக்கிரம் இந்த முடிவை எடுக்கிறோமோ, அந்த அளவு குறைந்த வேகத்தில் உரசும். அடுத்த வளைவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

திம்பம் இறங்கி பண்ணாரிக்கு வந்ததும் எங்கள் டிரைவர் அண்ணன் கோயில் பக்கம் கும்பிட்டுவிட்டு, டீக்கடைக்குப் போகும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றுவார். ஒவ்வொரு சக்கரத்திலும் தொடாமல், டிரம்முக்கு ஒரு சாண் தள்ளிப் புறங்கையைக் காட்டுவார். சூடு அதிகமாக இருக்கும் சக்கரத்தைத் தேடுகிறார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அவர் தேடியது குளிர்ந்த சக்கரத்தை. அத்தனை பெரிய மலையை இறங்கிய பிறகும் ஒரு டிரம் சில்லென்று இருந்தால், அந்தச் சக்கரம் வழிநெடுக பிரேக்கே பிடிக்கவில்லை, அதன் வேலையை மற்றவை சேர்த்துப் பார்த்திருக்கின்றன. அப்படி ஒன்று கண்டால் அங்கேயே கீழே படுத்து, பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் டீக்குப் போவார்.