ஹாலந்து விவசாய டூருக்கு பணம் கட்டறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

நம்ம கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கம் இப்ப எங்க உக்காந்தாலும் இந்த ஃபாரின் விவசாய டூர் பேச்சுதான், "மாமா 9 நாளு, ஹாலந்து பெல்ஜியம் பாரிஸ், பண்ணையும் பாத்துக்கலாம் ஈஃபில் டவரும் பாத்துக்கலாம், ரெண்டு பேரா வந்தா ரேட்டு கம்மி பண்றாங்களாம்"னு யாராவது ஒரு நோட்டீஸ எடுத்து நீட்டிடறாங்க. நானும் அப்படி ஒரு நோட்டீஸ பாத்துத்தான் ஒரு ஏப்ரல் மாசம் வீட்டம்மாவோட கிளம்பினேன். மொத்தம் 28 பேரு. காவேரிப்பட்டணம் மாந்தோப்புக்காரங்க, தளி தேன்கனிக்கோட்டை பக்கம் ரோஸ் போடறவங்க, பாலக்கோடு ராயக்கோட்டை தக்காளிக்காரங்க, அவங்கவங்க வீட்டம்மாங்க, அப்புறம் விவசாயத்துக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத ரெண்டு ரிட்டயர்டு வாத்தியாருங்க. போனது வேஸ்ட்டுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பாதி பணத்துக்குத்தான் பிரயோஜனம் ஆச்சு, மீதி பாதி எங்க போச்சுன்னு யோசிச்சா எல்லாமே இங்க ஊர்லயே, பணம் கட்டறதுக்கு முன்னாடியே பண்ணின தப்புதான்.

முதல் தப்பு, அந்த டூர் பிளான யாருமே ஒழுங்கா படிக்கல. ஒரு கறவ மாடு வாங்கப் போனா பல்லு பாக்கறோம், மடி பாக்கறோம், ரெண்டு வேள நாமளே கறந்து பாக்கறோம், ரெண்டு மூணு லட்சம் கட்டற டூருக்கு கலர் படத்த மட்டும் பாத்துட்டு கையெழுத்து போட்டுட்டோம். அப்புறம் ஊருக்கு வந்து கணக்கு போட்டு பாத்தா 9 நாள்ல நிஜமான பண்ணைக்குள்ள நாங்க நின்னது மொத்தமே அஞ்சரை மணி நேரம். 'சீஸ் பண்ணை விசிட்'னு போட்டிருந்தாங்க, போனா அது டூரிஸ்ட்டுங்களுக்குன்னே வெச்சிருக்கற கடை, ஒரு பொண்ணு அவங்க ஊர் டிரெஸ்ஸ போட்டுக்கிட்டு பத்து நிமிசம் பேசிச்சு, அப்புறம் நேரா பில் கவுண்டர். மரச்செருப்பு செய்யறதும் அதே மாதிரிதான். அது தப்புன்னு இல்ல, வீட்டம்மாவுக்கு அதுதான் ரொம்ப புடிச்சிருந்துச்சு, ஆனா அத விவசாயக் கணக்குல சேக்கக் கூடாதுங்க. அதனால டூர்க்காரர்கிட்ட எழுத்துல கேளுங்க: எந்த பண்ணை, எத்தன மணி நேரம், பேசறது பண்ணைக்காரரா இல்ல சேல்ஸ் ஆளா, அது வித்து பொழைக்கற பண்ணையா காட்சிப் பண்ணையா, எந்த கிழமை.

கிழமைன்னு ஏன் சொல்றேன்னா, ஆல்ஸ்மீர்னு ஒரு ஊரு, ஆம்ஸ்டர்டாம் ஏர்போர்ட்டுக்கு பக்கத்துலயே, அங்கதான் உலகத்துலயே பெரிய பூ ஏலம் நடக்குது. எங்க குரூப்ல ரோஸ்காரங்க வந்ததே அதுக்குத்தான். பிளான்ல அது சனிக்கிழமை. சனி ஞாயிறு அங்க லீவு! இத கண்டுபுடிச்சதே ஃபிளைட் ஏறினதுக்கு அப்புறம், ஒரு தம்பி போன்ல தேடி பாத்து சொன்னான். சண்ட போட்டு திங்கக்கிழமைக்கு மாத்தினோம், ஆனா ஹோட்டல்ல டிபன் சாப்ட்டுட்டு சாவகாசமா கிளம்பி போய் சேரும்போது மணி பத்தரை, வேலையெல்லாம் முக்காவாசி முடிஞ்சிருச்சு. அது விடியக்காலைல ஆரம்பிக்கற சமாச்சாரம், 9 மணிக்கு முன்னாடி மேல நடைபாதையில நின்னீங்கன்னாதான் கீழ டிராலி டிராலியா பூ ஓடறத பாக்க முடியும்.

அந்த ஏலம் எப்படின்னு தெரிஞ்சிக்கிட்டு போங்க, தெரியாம போனா வெறும் குடோன் மாதிரிதான் இருக்கும். நம்ம ராயக்கோட்டை மண்டியில தக்காளிக்கு கீழ இருந்து மேல ஏத்திக்கிட்டே போவாங்க இல்ல, அங்க அப்படியே தலைகீழ். பெரிய கடிகாரம் மாதிரி ஒண்ணு, வெல மேல இருந்து கீழ இறங்கிக்கிட்டே வரும், யாரு முதல்ல பட்டன அமுக்கறாங்களோ அவங்களுக்கு அந்த சரக்கு. யோசிச்சிட்டே நின்னா அடுத்தவன் அமுக்கிடுவான், சீக்கிரம் அமுக்கினா வெல ஜாஸ்தி. இப்ப வாங்கறவங்க பெரும்பாலும் அவங்கவங்க எடத்துல இருந்தே கம்ப்யூட்டர்ல அமுக்கறாங்க, அதனால பழைய படத்துல பாக்கற மாதிரி ஹால் நெறைய ஆளுங்க இருப்பாங்கன்னு எதிர்பாக்காதீங்க.

இன்னொண்ணு, பஸ். அங்க டிரைவருக்கு சட்டம் இருக்கு, நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிசம் நிறுத்தியே ஆகணும், ஒரு நாளைக்கு சாதாரணமா 9 மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாது, எல்லாம் வண்டியில இருக்கற மெஷின்ல பதிவாகும். நம்ம ஊரு டூர் பஸ் மாதிரி "அண்ணா ஒரு டீய குடிச்சிட்டு அப்படியே நைட்டோட நைட்டா அடிச்சிரலாம்ணா" எல்லாம் நடக்காது. எங்க ஆளுங்க பெல்ஜியத்துல சாக்லேட் கடையில ஒண்ணேகால் மணி நேரம் லேட் பண்ணினாங்க, அதனால கட் ஆனது என்னன்னா சாயங்காலம் போக வேண்டிய மாட்டுப் பண்ணை. ஈஃபில் டவர யாரும் கட் பண்ண மாட்டாங்க. நேரம் பத்தலன்னா வெட்டு விழறது எப்பவும் பண்ணைக்குத்தான், அதனால பண்ணை எல்லாம் முதல் நாலு நாள்லயே, அதுவும் காலையிலயே வர்ற மாதிரி பிளான் போடச் சொல்லுங்க.

அடுத்தது நாடு. இது நான் கொஞ்சம் கோவமாவே சொல்றேன், மாந்தோப்புக்காரங்கள எதுக்குங்க ஹாலந்துக்கு கூட்டிட்டு போகணும்? அங்க மாமரமே கெடயாது. தாய்லாந்து போயிருந்தா 'நாம் டாக் மாய்'ங்கற அவங்க ஊர் ரக மாங்காயில ஒவ்வொரு காய்க்கும் பை மாட்டி வளக்கறத பாத்திருக்கலாம், செலவும் கம்மி. சரி ஹாலந்துதான்னு முடிவாயிருச்சுன்னா ராட்டர்டாம் துறைமுகத்துப் பக்கம் பழம் இறக்கி பழுக்க வெச்சு அனுப்பற கம்பெனிய காட்டச் சொல்லி கேட்டிருக்கணும், பெரு பிரேசில்ல இருந்து ஐரோப்பாவுக்கு வர்ற மாம்பழம் நெறைய அந்த வழியாத்தான் போகுது, நம்ம பெங்களூரா செந்தூரா மாம்பழமெல்லாம் ஏன் அங்க போக மாட்டேங்குதுன்னு அங்கதான் புரிஞ்சிருக்கும். நாங்க யாரும் கேக்கல, கேக்கலாம்னே தெரியல.

ரோஸ் போடறவங்களுக்கும் தக்காளி போடறவங்களுக்கும் ஹாலந்து சரியான எடம்தான், ஆனா அங்க போய் எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, செடி வளக்கற கண்ணாடி வீட்ட பாத்து வாய பொளந்துட்டு நின்னுடறது. தக்காளி கொடிய மேல கம்பியில கட்டி காய பறிக்க பறிக்க கீழ இறக்கி விட்டுக்கிட்டே போறாங்க, சீசன் முடியறதுக்குள்ள ஒரு கொடியே பத்து மீட்டருக்கு மேல வந்துருது, மகரந்தச் சேர்க்கைக்கு பெட்டியில பம்பிள்பீன்னு குண்டுத் தேனீ வெச்சிருக்காங்க, ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல எடுக்கறாங்க. இத கேட்ட உடனே எங்க பாலக்கோட்டு மச்சான் ஒருத்தர் "நாமளும் ஒண்ணு போட்டுரலாம்டா"ன்னு அங்கயே கெளம்பிட்டாரு. ஏங்க, அவங்க கண்ணாடி போடறது குளுருக்கு சூட்ட உள்ள புடிச்சு வெக்கறதுக்கு, கேஸ் எரிச்சு சூடு பண்றாங்க, அதுல வர்ற கார்பன்டை ஆக்சைடயும் செடிக்கே குடுக்கறாங்க. நம்ம பிரச்சன சூட்ட வெளிய தள்றது. ஓசூர் தளி பக்கம் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டர் ஒசரம், குளுச்சி, அதனால பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் சீட்டு போட்ட செடி வீடு) நிக்குது, அதயே தாழ்வா சூடா இருக்கற பென்னாகரம் அரூர்ல போட்டா ஏப்ரல் மே மாசம் உள்ள போய் நின்னு பாருங்க.

பாக்க வேண்டியது கட்டடத்த இல்ல, தண்ணிய எப்படி அளக்கறாங்கங்கறத. செடி மண்ணுல இல்ல, பையில இருக்கு, நெறைய எடத்துல அந்த பையில இருக்கறது தேங்கா நார்க்கழிவு, ஆமாங்க இந்தியாவுல இருந்தும் இலங்கையில இருந்தும் போறதுதான். விட்ட தண்ணியில எவ்வளவு வடிஞ்சு வெளிய வருது, அதுல உப்பு எவ்வளவுன்னு தெனம் பாத்து, வடிஞ்ச தண்ணிய சுத்தம் பண்ணி திரும்ப விடறாங்க. இத எடுத்துட்டு வர்றதுக்கு கண்ணாடி வீடு வேண்டாம், ஒரு பக்கெட்டும், தண்ணியில உப்பு எவ்வளவுன்னு காட்டற ஒரு ஈ.சி. (EC) மீட்டரும் போதும்.

இது எனக்கு எப்படி புரிஞ்சுதுன்னா அதுவும் ஒரு கத. எங்க கைடு நல்ல மனுசன், தமிழ்தான், ஆனா விவசாய வார்த்த ஒண்ணும் தெரியாது. பண்ணைக்காரரு இங்கிலீசுல சப்ஸ்ட்ரேட் சப்ஸ்ட்ரேட்னு சொல்றாரு, அதாவது பையில இருக்கற அந்த நார்க்கழிவு மாதிரி பொருள, இவரு "அடி மண்ணு"ன்னு மொழிபெயர்க்கறாரு, அங்க மண்ணே இல்ல, எல்லாரும் குனிஞ்சு கீழ தேடறாங்க. அப்புறம் ராயக்கோட்டை மாமாவோட பொண்ணு, பிஎஸ்சி அக்ரி படிக்குது, சும்மா ஊர் சுத்திப் பாக்க வந்த புள்ள, அதுதான் முன்னாடி வந்து நிறுத்தி நிறுத்தி கேட்டு சொல்லுச்சு. அந்த ஒண்ணரை மணி நேரம்தான் டூர்லயே உருப்படியான நேரம். அதனால குரூப்ல விவசாயம் தெரிஞ்சு இங்கிலீசும் தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது இருக்காங்களான்னு பாருங்க, இல்லன்னா ஆளுக்கு கொஞ்சம் போட்டு ஒருத்தர கூட்டிட்டு போங்க. ஆளுக்கு அஞ்சு கேள்வி இங்கயே எழுதிக்கிட்டு போங்க. 'எப்படி இருக்கு விவசாயம்'னு கேட்டா அவரும் 'நல்லாருக்கு'ன்னுதான் சொல்வாரு.

போறதுக்கு முன்னாடி தளியில இந்தோ-இஸ்ரேல் கொய்மலர் (காம்போட அறுத்து விக்கற பூ) மகத்துவ மையம் இருக்கு, ஒரு நாள் போய் பாத்துட்டு வாங்க. நம்ம மாவட்டத்துல இருக்கறத பாக்காமயே ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல பறந்தவங்க எங்க குரூப்ல பாதிப்பேரு, நானும் அதுல ஒருத்தன். அத பாத்துட்டு போனா கேள்வி தானா வரும்.

பண்ணைக்குள்ள போறப்ப தோட்டத்துல போட்ட செருப்பு ஷூவோட போகாதீங்க. தக்காளிப் பண்ணையில எங்கள வாசல்லயே நிறுத்தி கவர் டிரெஸ், ஷூவுக்கு கவர் குடுத்து, கைய கழுவ வெச்சாங்க, ஒரு சில பேருக்கு அது அவமானமா பட்டுச்சு. 2019ல இருந்து அங்க ரூகோஸ் வைரஸ்னு தக்காளிக்கு ஒண்ணு வந்து ரொம்ப அடி வாங்கியிருக்காங்க, அது கை, துணி, கத்திரிக்கோல் மூலமா ஒட்டிக்கிட்டு பரவும், அதான் அந்த பயம். எதையும் தொடாதீங்க, கிள்ளாதீங்க. ரோஸ் பண்ணையில ஒரு குச்சிய கிள்ளி பாக்கெட்ல போட்டுக்கலாம்னு நெனைக்காதீங்க, அந்த ரகத்துக்கெல்லாம் உரிமைக்காரன் இருக்கான், ராயல்டி கட்டித்தான் வாங்கணும்னு நம்ம ஓசூர் ஆளுங்களுக்கே நல்லா தெரியும்.

பேப்பர் விசயத்துக்கு வர்றேன். இந்த மூணு நாட்டுக்கும் சேத்து ஒரே விசாதான், ஷெங்கன் விசான்னு பேரு, அதுக்கு பாஸ்போர்ட் 10 வருசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், திரும்பி வர்ற நாளுக்கு அப்புறமும் 3 மாசம் செல்லணும், 30,000 யூரோவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டாயம். இதெல்லாம் டூர்க்காரரே பாத்துப்பாரு. நம்மாளுங்க மாட்டறது வேற எடத்துல. விவசாய வருமானத்துக்கு வரி இல்லங்கறதால ஐடி ரிட்டர்ன் போட்டிருக்க மாட்டோம், பட்டா இன்னும் அப்பா பேர்லயோ கூட்டுப்பட்டாவாவோ இருக்கும், வருமானத்துக்கு என்ன அத்தாட்சின்னு கேட்டா முழிப்போம். சிட்டா, அடங்கல், மண்டி பில்லு, பேங்க்ல பணம் வந்த கணக்கு எல்லாத்தையும் மூணு மாசம் முன்னாடியே சேத்து இங்கிலீசுல மாத்தி வையுங்க. மச்சான்கிட்ட அஞ்சு லட்சம் கைமாத்து வாங்கி அப்ளிகேசனுக்கு முந்தின வாரம் அக்கவுண்ட்ல போட்டு காட்டறது இருக்கே, அது அப்பட்டமா தெரியும், எங்களோட கெளம்ப இருந்த ஒருத்தருக்கு விசா ரிஜெக்ட் ஆனதே அதனாலதான்னு நாங்க நெனைக்கறோம். ரிஜெக்ட் ஆனா பணத்துல எவ்வளவு திரும்ப வரும்னு முன்னாடியே எழுதி வாங்குங்க. அப்புறம் விசாவுக்கு குடுக்கற கைரேகை, மம்பட்டி புடிச்ச கைக்கு ரேகை தேஞ்சிருக்கும், மெஷின் எடுக்காது, ரெண்டு தடவ பெங்களூரு அலைய வேண்டாம்னா நாலு நாள் முன்னாடி இருந்தே வேலைய விட்டுட்டு தெனம் கைக்கு எண்ணெய் போட்டு, போற அன்னைக்கு கழுவி தொடச்சிட்டு போங்க.

ஃபாரின் டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ்னு ஒரு வரி புடிப்பாங்க, சதவீதம் மாறிக்கிட்டே இருக்கு, கட்டறப்ப கேட்டுக்கோங்க. அது நம்ம பான் நம்பர்லதான் ஏறும், ஆனா ரிட்டர்ன் போட்டாத்தான் திரும்ப வரும். விவசாயிக்கு எதுக்கு ரிட்டர்ன்னு விட்டுட்டா அந்த காசு அவ்வளவுதான்.

எடுத்துட்டு போற சாமான்ல எங்க வீட்டம்மா பண்ணின கூத்த சொல்லணும். நெய்யி, பால்கோவா, ஒரு கட்டு கருவேப்பிலை, மேல நாலு செந்தூரா பழம், அங்க யாருக்காவது குடுக்கலாம்னு. ஐரோப்பாவுக்குள்ள நம்ம நாட்டுல இருந்து பால் பொருளும் கறியும் கொண்டு போகக் கூடாது. பழம், செடி, இலைக்கெல்லாம் சர்ட்டிபிகேட் வேணும், அன்னாசி, தேங்கா, டுரியன், வாழப்பழம், பேரீச்சை இந்த அஞ்சுக்கு மட்டும்தான் விலக்கு. பழ ஈ இருக்குன்னு 2014ல நம்ம அல்போன்சாவையே ஐரோப்பாக்காரன் தடை பண்ணி, அடுத்த வருசம்தான் எடுத்தான், கையில கொண்டு போற நாலு பழத்த மட்டும் விட்டுருவானா. நல்லவேள, பெங்களூரு தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கு போற வழியிலயே, ஏலம் லீவுன்னு அப்புறம் கண்டுபுடிச்சு சொன்ன அதே தம்பி சொல்லி, பழத்த சில்க் போர்டு டிராபிக்ல நிக்கறப்பவே எல்லாரும் சேந்து தின்னு தீத்தோம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் போதுங்க. ஹோட்டல் ரூம்ல ஸ்டவ் வெச்சு தாளிக்கற ஐடியா இருந்தா விட்டுருங்க, எங்க குரூப்ல ஒருத்தர் கடுகு போட்டாரு, அலாரம் அடிச்சு மூணு மாடி ஆளுங்களும் நைட்டியோட ரோட்ல நின்னாங்க.

ஸ்வெட்டரும் ரெயின்கோட்டும் கட்டாயம், ஏப்ரல் அங்க வெயில் காலம் இல்ல. டியூலிப் பாக்கற கோய்கென்ஹாஃப் தோட்டம் மார்ச் கடைசி வாக்குல இருந்து மே நடு வரைக்கும் ஒரு எட்டு வாரம்தான் தெறந்திருக்கும், அதனால டியூலிப் பாக்கணும்னா அந்த எட்டு வாரத்த விட்டா வழியில்ல. ஆனா உங்க தோப்புல மருந்தடிக்கறதுக்கும் தண்ணி விடறதுக்கும் யாரு இருக்காங்கன்னு பாத்துட்டு தேதி முடிவு பண்ணுங்க. நான் திரும்பி வந்தப்ப ரெண்டு ஏக்கர்ல பிஞ்சு கொட்டிக் கெடந்துச்சு.

கடைசியா, அங்க கடையில டியூலிப் கிழங்கு பைபையா தொங்கும், ஆச வரும். நம்ம நாட்டுக்குள்ள நடற பொருள் கொண்டு வர இறக்குமதி பர்மிட்டும் அவங்க நாட்டு சர்ட்டிபிகேட்டும் வேணும், கஸ்டம்ஸ் ஃபாரத்துலயே விதை செடி இருக்கான்னு ஒரு கேள்வி இருக்கு. எங்க வீட்டம்மா கொண்டு வந்த 25 கிழங்கும் பெங்களூரு ஏர்போர்ட்லயே போயிருச்சு. கத்தரிப்பூ கலர்னு அவ்வளவு தேடி எடுத்தது, இன்னமும் அதச் சொல்லி என்னத்தான் திட்டுது.